டாக்டர் எழுதிய வேறு பெயர்

ஜூன் 4

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலம். நீங்களும் குட்டியும் நலம்தானே? அண்ணனைப் போனில் கூப்பிட்டால் கிரிக்கெட்டைத் தவிர வேறு பேச மாட்டார். அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

டாக்டரின் அறிக்கை வந்துவிட்டது. படைப்பணியால் வந்த மனநோய்க்கு ஓய்வூதியம் கேட்டு, 'போர் அதிர்ச்சி' என்று விண்ணப்பித்திருந்தேன் அல்லவா? அது இல்லையாம். மனச்சோர்வாம். எங்கள் முன்னாள் படைவீரர் சங்கத்தில் மற்ற எல்லோருக்கும் போர் அதிர்ச்சிதான். நாங்கள் 'மீசை' என்று கூப்பிடும் செயலாளர் அறிக்கையை வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "உங்க அண்ணி உனக்குச் சாட்சியா, ஓய்வூதிய ஆபீஸுக்குச் சாட்சியா?"

குடும்பத்திலிருந்து ஒருவர் சாட்சிக் கடிதம் தர வேண்டும் என்றதும் உங்களைத்தான் கேட்டேன். வெடிச்சத்தம் கேட்டால் நடுங்குவேன் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். 'சத்தத்துக்கு அவர் பயந்து நான் பார்த்ததில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். டாக்டர் அதை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்.

விண்ணப்பத்தைத் திரும்பப் பெறலாம் என்றிருக்கிறேன். சோர்வு என்று ஒரு தாளை வைத்துக்கொண்டு எந்த முகத்தோடு சங்கத்துக்குள் நுழைவது?

கோபமில்லை. வருத்தம்தான்.

அன்புத் தம்பி

ஜூன் 10

அன்புள்ள தம்பிக்கு,

கோபமில்லை என்று எழுதிய இடத்தில் உங்கள் பேனா தாளைக் கிழித்திருக்கிறது.

நான் வேதியியல் சொல்லித்தருகிறவள். சோதனைக் குழாயில் வராத நிறத்தை வந்ததாக எழுதும் பிள்ளைகளுக்கு மதிப்பெண் போட்டதில்லை. உங்களுக்காக ஒருமுறை அந்தப் பிடிவாதத்தை விட்டுவிடலாமா என்று யோசித்தேன். முடியவில்லை. ஏனென்றால் நான் கண்டது வேறு.

குட்டி முதன்முறையாகக் கல்லூரி விடுதிக்குக் கிளம்பியபோது அவள் பெட்டி கூடத்தில் திறந்து கிடந்தது. நீங்கள் அவள் சட்டை ஒன்றை எடுத்து, ஓரத்தோடு ஓரம் சேர்த்து, கையால் நீவி மடித்தீர்கள். மடித்ததை அப்படியே நாற்காலியில் வைத்துவிட்டு வெளியே போனீர்கள். அவள் வண்டி கிளம்பும்வரை வரவில்லை. பிறகு வந்து மாடி அறையில் சுவரைப் பார்த்துப் படுத்தவர், சாப்பிடக் கூப்பிட்டபோதெல்லாம் "பசிக்கல அண்ணி" என்றீர்கள். அப்போதுதான் அண்ணன் எனக்குச் சொன்னார், படையில் உங்கள் கையில் துப்பாக்கியே இருந்ததில்லை, இறந்தவர்களின் பொருள்களைப் பெட்டியில் அடுக்கி அவர்கள் வீட்டுக்கு அனுப்புவதுதான் உங்கள் வேலை என்று. எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் ஏன் துணிகளைப் பிளாஸ்டிக் பையில் திணித்துக்கொண்டு வருகிறீர்கள் என்பது அன்றைக்குப் புரிந்தது. அதைத்தான் எழுதினேன்.

நேற்று இங்குள்ள ஓய்வூதிய அலுவலகத்துக்குப் போனேன். பெயர் மாறினால் விண்ணப்பம் விழுந்துவிடாது என்றார் அங்கிருந்த அம்மாள். வாய்வார்த்தையை நம்புகிறவள் இல்லையே நான், விதியைக் காட்டச் சொன்னேன். முகம் சுளிக்காமல் காட்டினார். அந்த அம்மாளை மறக்க மாட்டேன். நாம் கேட்பது நமக்கு இருக்கும் பாதிப்புக்காக. டாக்டர் அதற்கு வேறு பெயர் வைத்தால் அந்தப் பெயரிலேயே பரிசீலிப்பார்கள். பணியால் வந்தது என்று அவர் எழுதியிருக்க வேண்டும், அவ்வளவுதான். "பேர் வைக்கிறது டாக்டர் வேலைங்க. எங்க வலிக்குதுன்னு சொல்றது மட்டும்தான் உங்க கொழுந்தனார் வேலை" என்றார் அந்த அம்மாள்.

அறிக்கையின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். மீசை அவ்வளவு தூரம் போயிருக்க மாட்டார்.

அண்ணனின் சேதி: "சோர்வா? ஞாயித்துக்கிழமை நான் படுத்துக் கிடக்கிறதைப் பார்த்திருந்தா டாக்டர் அதை எனக்குத்தான் எழுதியிருப்பார்." சிரிக்க வைக்கத்தான் சொன்னார். சொல்லி முடித்ததும் முகம் கழுவ எழுந்து போய்விட்டார்.

திரும்பப் பெறாதீர்கள்.

அண்ணி

ஜூன் 16

அண்ணிக்கு,

கடைசிப் பக்கத்தில் இருக்கிறது: 'படையில் செய்த வேலையின் விளைவு.' நானும் அவ்வளவு தூரம் போகவில்லை.

விண்ணப்பம் அப்படியே இருக்கட்டும்.

தம்பி

செப்டம்பர் 21

அன்புள்ள அண்ணிக்கு,

ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். மனச்சோர்வு என்ற பெயரிலேயே. சங்கத்தில் சொன்னேன், யாரும் சிரிக்கவில்லை. மீசை மட்டும் வாசல்வரை கூடவே வந்து, சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, "அந்த டாக்டர் எந்தெந்தக் கிழமை இருப்பார்?" என்று கேட்டார்.

சிகிச்சைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். நான் கேட்ட பெயரே கிடைத்திருந்தால் வெடிச்சத்தத்தைப் பற்றியே விசாரித்திருப்பார்கள், நானும் எதையாவது சொல்லிக்கொண்டிருந்திருப்பேன். இங்கே உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு முதல் நாளே கேட்டார்கள்: "யாரோட பெட்டி இன்னும் மனசுல இருக்கு?"

ஒரு பையனுடையது. அவன் பொருள்களுக்குள் பாதி தின்ற பிஸ்கட் பொட்டலம் ஒன்று இருந்தது. பெட்டியைத் திறக்கிற அம்மா அதைப் பார்த்தால் தாங்க மாட்டாள் என்று எடுத்துவிட்டேன். அவளுக்கு அதுதான் வேண்டியிருந்திருக்குமோ என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டே இருக்கிறேன். இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. அங்கே சொன்னேன். அன்று வீட்டுக்கு வந்ததும் பசித்தது, அண்ணி.

நன்றி என்று எழுதினால் ஆதாரம் கேட்பீர்கள். அதனால் ஒன்று செய்கிறேன். குட்டி விடுமுறை முடிந்து விடுதிக்குத் திரும்பும் நாளில் வருகிறேன். அவள் பெட்டியை நான் அடுக்கட்டுமா? பாதியில் எழுந்து போனால் மீதியை நீங்கள் முடித்துவிடுங்கள். தேட வேண்டாம். வண்டி கிளம்பும்போது வாசலில் நிற்பேன்.

அவள் தின்று மீதி வைத்த பிஸ்கட் ஏதாவது இருந்தால் எடுத்து வையுங்கள். அது பெட்டிக்குள் போகட்டும்.

அன்புத் தம்பி