கேபிள் வழியாக வந்த குரல்

தொண்டை கட்டக் கட்டப் பேசியே எங்களை வளர்த்த அப்பாவுக்கு,

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில் அம்மா விழுப்புரத்திலிருந்து போன் செய்தாள். நான் திண்டிவனத்தில் மருந்துக் கடை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். "பாப்பா, அப்பா பேச மாட்டேங்கிறாரு" என்றாள். நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. அம்மாவுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன்.

"போனு தொறக்குது. பேசுற ஆப்பு மட்டும் தொறக்கல. அவரு சாப்ட்டியான்னு கேக்காம நான் எப்டிடி சாப்புடுறது?" என்று அவள் அழுதபோதுதான் விஷயம் புரிந்தது.

உனக்குத் தெரிந்த கதைதான் அப்பா. ஆனால் இந்தக் கடிதத்தைப் படிக்கிறவர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். நீ தனியார் பஸ்ஸில் கண்டக்டர். விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் நின்று "விக்கிரவாண்டி, கூட்டேரிப்பட்டு, திண்டிவனம்" என்று நீ கூப்பிட்டால் எதிர்ப்பக்கம் டீ குடிக்கிறவனும் கிளாஸைப் பாதியில் வைத்துவிட்டு ஓடிவருவான். அப்படிப்பட்ட தொண்டையில்தான் கட்டி வந்தது. குரல்வளையை எடுத்தால்தான் உயிர் என்றார்கள். ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் மேடம் உன்னைத் தனியாக உட்காரவைத்து, "குரல் இருக்கும்போதே புடிச்சு வச்சிக்குங்க அண்ணே" என்று ஒரு ஆப்பைக் காட்டினார். கட்டம் கட்டமாக இருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு வாக்கியத்தைப் பேசிப் பதிந்துகொள்ளலாம். அப்புறம் கட்டத்தைத் தொட்டால் நம் குரலே பேசும்.

ஆபரேஷனுக்கு முந்தைய நாட்களில் நீ பஸ் ஷெட்டுக்குப் போய், நிறுத்தியிருந்த பஸ்ஸின் கடைசி சீட்டில் உட்கார்ந்து, ஷட்டரையெல்லாம் இறக்கிவிட்டுப் பேசினாய். முதல் நாள் மட்டும் நான் கூட வந்தேன். பிறகு என்னை வரவேண்டாம் என்றுவிட்டாய். அதற்கப்புறம் கழுத்தில் துணி கட்டிக்கொண்டு சில வருஷங்கள் அந்தப் போனால்தான் எங்களோடு பேசினாய். மாரடைப்பு வந்து நீ போன பிறகு அம்மா அதைத் தினமும் சார்ஜ் போட்டு, சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, "சாப்ட்டியா?" கட்டத்தைத் தொட்டுவிட்டுத்தான் முதல் கவளத்தை எடுப்பாள். அந்த ஆப்புதான் ஏதோ அப்டேட்டுக்குப் பிறகு திறக்காமல் போனது.

லீவு சொல்லிவிட்டு விழுப்புரத்துக்கு ஓடினேன். அம்மாவையும் போனையும் அழைத்துக்கொண்டு பக்கத்திலிருந்த செல்போன் கடைக்குப் போனேன். கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்லக்கா, ஆப்ப தூக்கிட்டு மறுபடி ஏத்தினா ஓடும்" என்று விரலை வைத்தார்.

"ஏத்தினா உள்ள இருக்குறது இருக்குமா?" என்று அம்மா கேட்டாள்.

"அது போயிடும்மா. புதுசா பேசி ஏத்திக்க வேண்டியதுதான்."

அம்மா அவர் கையிலிருந்து போனைப் பிடுங்கிய வேகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். "யாருடா பேசுவாங்க?" என்றாள். அந்த ஆளுக்கு ஒன்றும் புரியவில்லை, பாவம். நான் நடந்ததைச் சொன்னதும் எழுந்து நின்றுவிட்டார். "இத யாருகிட்டயும் குடுத்து எதையும் அழிக்க விடாதீங்கக்கா. முதல்ல கம்ப்யூட்டர்ல எடுங்க" என்று அவரே சொன்னார்.

திண்டிவனத்தில் ஷகிலாவை உனக்கு ஞாபகம் இருக்கும். என்னோடு படித்தவள், ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள். போனை அவளிடம் கொண்டுபோனேன். கேபிளைச் செருகினாள். போன் சார்ஜ் ஏறியதே தவிர கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. "இந்த ஒயரு கரண்டு மட்டுந்தான் கொண்டாருது, பேஜாரு புடிச்சது" என்று தூக்கி எறிந்துவிட்டு வேறொன்றை எடுத்தாள். பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் இருந்தன. ஒன்று உயிர் மட்டும் கொடுக்கிறது, இன்னொன்று உள்ளே இருப்பதையும் வெளியே கொண்டுவருகிறது. இத்தனை நாளாக இது எனக்குத் தெரியாது.

இந்த முறை போன் கேட்டது: சார்ஜ் மட்டும் போதுமா, ஃபைல் எடுக்க வேண்டுமா? ஷகிலா என்னைப் பார்த்தாள். "நீயே தொடு" என்றாள். தொட்டேன். கம்ப்யூட்டர் திரையில் உன் போன் ஒரு பெட்டியாக வந்து நின்றது. அதற்குள் பெட்டிகள், அதற்குள்ளும் பெட்டிகள். எல்லாவற்றுக்கும் அடியில் அந்த ஆப்பின் பெயரில் ஒன்று. திறந்தபோது காலியாக இருந்தது. ஒயரைப் பிடுங்கி மறுபடி செருகப் போனேன். "அவசரப்படாதடி, இன்னும் படிச்சிக்கினு இருக்குது" என்று அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு ஒவ்வொன்றாக வந்தன அப்பா. மழைக்கு முன்னால் புற்றிலிருந்து ஈசல் வருமே, அப்படி. திரை நிறைந்து, கீழே தள்ளத் தள்ள இன்னும் வந்துகொண்டே இருந்தன. நீ இவ்வளவு பேசி வைத்திருந்தாயா? நாங்கள் கேட்டது இதில் பாதிகூட இருக்காது.

எல்லாவற்றையும் பிடித்து நகல் எடுக்கப் போட்டாள். பச்சைக் கோடு இடதிலிருந்து வலமாக நகர்ந்தது. ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்களை, "ஜல்தியா வேணும்னா அடுத்த கடைக்குப் போங்க, இங்க ஒருத்தர் வந்துக்கினு இருக்காரு" என்று அனுப்பிவிட்டாள். மேஜைமேல் கிடந்த அந்த மெல்லிய கறுப்பு ஒயரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் எந்த அசைவும் இல்லை, சத்தமும் இல்லை. அதற்குள்தான் நீ போய்க்கொண்டிருந்தாய். உன் குரல் முழுவதும் சேர்ந்தும் என் கல்யாண வீடியோவில் ஒரு ஓரத்துக்குக்கூடக் காணாதாம், ஷகிலா சொன்னாள். பஸ் ஸ்டாண்டையே நிறுத்திவைத்த குரல் இத்தனை சின்ன இடத்தில் எப்படிப் படுத்திருந்தது? எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

ஃபைல்களுக்குப் பெயர் இல்லை, வெறும் எண்கள்தான். எது எந்த வாக்கியம் என்று கேட்டால்தான் தெரியும். முதலில் இருந்ததைத் தொட்டாள். கனைப்பு. பிறகு, "ஆன் ஆயிடுச்சா பாப்பா?" உடனே என் குரல், "ஆயிடுச்சு, பேசுப்பா." நீ அழிக்காமல் விட்ட முதல் பதிவு. பதிவு ஆவது தெரியாமல் பேசிய உன் குரல். நானும் ஷகிலாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

அதற்கப்புறம் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கேட்டோம். தண்ணி வேணும், மாத்திரை எங்க, ஃபேன போடு, இதெல்லாம் இருந்தன. அம்மாவோடு சண்டை போடவும் தனியாகப் பேசி வைத்திருக்கிறாய்! "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும், போ" என்பதைக் கோபமாக ஒன்று, கிண்டலாக ஒன்று, உண்மையாகவே ஒன்று. ஒரு பதிவில் நீ சிரிக்கிறாய், வெறும் சிரிப்பு மட்டும். சிரிப்பும் போய்விடும் என்று யார் உனக்குச் சொன்னார்கள்?

"உம்" மட்டும் எத்தனை வகை! கதை கேட்கிற உம். நம்பாத உம். அப்புறம் என்ன ஆச்சு என்கிற உம். கடைக் கதையெல்லாம் நான் போனில் சொல்லும்போது நடுநடுவே உன் உம் வந்துகொண்டே இருக்குமே, அது ஒன்றே ஒன்றைத் திரும்பத் திரும்பத் தொடுகிறாய் என்று நினைத்திருந்தேன். நீ ஒவ்வொரு முறையும் தேடி, பொருந்துகிற உம்மைத் தொட்டிருக்கிறாய்.

கடைசியை ஒட்டி ஒரு பதிவு வந்தது. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை, பஸ்ஸின் தகரம் வெயிலில் சொடுக்குகிற ஒலி மட்டும். பிறகு மெதுவாக, "எனக்கு பயமா இருக்குது."

இதை நீ ஒருநாளும் தொட்டதில்லை அப்பா. ஆபரேஷன் கட்டிலில் தள்ளிக்கொண்டு போனபோதும், கழுத்துப் புண் ஆறாமல் கிடந்தபோதும் இதை நாங்கள் கேட்டதில்லை. தேவைப்படும் என்று தெரிந்து பேசி வைத்திருக்கிறாய். பிறகு ஏன் தொடவில்லை? யாருக்காக எடுத்து வைத்தாய்? ஷகிலா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒரு மனுசன் தனியா ஒக்காந்து இத்தனையும் யோசிச்சிருக்காரே" என்றாள்.

இரண்டு ஞாயிறுகள் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தோம். பிறகு அதே ஒயர் வழியாக, கம்ப்யூட்டரிலிருந்து அம்மாவின் போனுக்கு உன்னைத் திருப்பி அனுப்பினோம். சாதாரணப் பாட்டு மாதிரி இப்போது எந்தப் போனிலும் பாடுவாய். அம்மா சண்டைப் பதிவுகளைக் கேட்டுவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தாள். பயம் என்று சொன்னதை அவளிடம் காட்டலாமா என்று எனக்குத் தயக்கம். காட்டினேன். கடைசிவரை கேட்டாள். "இது எனக்குத் தெரியும்டி. தூங்கும்போது என் கைய உடவே மாட்டாரு" என்றாள். அவ்வளவுதான், சமைக்கப் போய்விட்டாள்.

இந்த விஷயத்தைப் பேச்சுப் பயிற்சி மேடத்துக்கும் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒருத்தர அனுப்புறேன், அப்பா பேசுனத அவங்களுக்குப் போட்டுக் காட்டுவீங்களா?" என்று கேட்டார். அப்படித்தான் காணை கிராமத்திலிருந்து அஞ்சலையக்கா ஷகிலா கடைக்கு வந்தார். நடவு, களை எடுப்பு, கரும்பு வெட்டு என்று அடுத்தவர் நிலத்தில் வேலை செய்கிறவர். உனக்கு வந்த அதே கட்டி, அதே ஆபரேஷன்தான் அவருக்கும் செய்யப்போகிறார்கள். ஆப்பில் எதைப் பேசுவது என்று தெரியாமல் தண்ணி, சோறு என்று இரண்டு கட்டத்தோடு நிறுத்திவிட்டாராம்.

"எனக்கின்னாம்மா பேச்சு கீது? நாலு பேரு பேசறத கேட்டுக்கினு போறவ நானு" என்றார், அந்தக் கரகரத்த தொண்டையோடு.

உன் குரலை ஓடவிட்டோம். முதலில் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு கேட்டார். உன் சண்டைக்குச் சிரித்தார். உம் வந்தபோது தானும் தலையாட்டினார். நீ பயத்தைச் சொன்னபோது எழுந்து கம்ப்யூட்டருக்குக் கிட்டே போய்த் திரையைத் தடவினார். "யாரு சாமி நீ?" என்று உன்னையே கேட்டார். பிறகு எங்களைத் திரும்பிப் பார்த்து, "ரெண்டு பேரும் கொஞ்சம் வெளிய இருங்க" என்றார்.

நாங்கள் டீ குடித்து, திரும்பி வந்து, மறுபடியும் போய் நின்றோம். ஷட்டருக்கு உள்ளே அவர் பேசிக்கொண்டே இருந்தார். என்ன பேசினார் என்று கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வெளியே வந்தபோது முகம் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றி முடித்தவள் மாதிரி களைத்து வெளிச்சமாக இருந்தது. ஷகிலா அன்றே அவருடைய பதிவுகளையும் ஒயர் போட்டு நகல் எடுத்து வைத்தாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. போன வாரம் நானும் ஷகிலாவும் காணைக்குப் போய்ப் பார்த்தோம். வாசலில் பாய் போட்டு உட்கார்ந்திருந்தார். கழுத்தில் துணி, மார்பில் கயிறு கட்டித் தொங்கவிட்ட போன். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் வேலை செய்யும் நிலத்துக்காரர் வண்டியை அணைக்காமல் நின்றபடியே குரல் கொடுத்தார். "அஞ்சல, நாளைக்கு நடவு. ஆளு பத்தல. வந்து வரப்புலயாவது நின்னு பாத்துக்கோ."

அஞ்சலையக்கா போனை எடுத்தார். அவசரமே இல்லாமல் தேடினார், தொட்டார்.

"முடியாதுங்க. ஒடம்பு தேறினதும் நானே வர்றேன்."

அவருடைய குரல்தான், ஆபரேஷனுக்கு முந்தைய குரல். பக்கத்து வீட்டில் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நிலத்துக்காரர் வண்டியை அணைத்து, இறங்கி, செருப்பை உதறிவிட்டுக் கிட்டே வந்தார். "இத்தன வருசத்துல நீ முடியாதுன்னு சொல்லி நான் கேட்டதே இல்லையே, அஞ்சல" என்றார். கோபமாக இல்லை, ஆச்சரியமாக. அவர் குனிந்து போனைப் பார்த்தார், பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்தார். "சரிம்மா. நல்லா தேறிக்கினு வா" என்று சொல்லிவிட்டு, வண்டியைக் கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டே போய்த்தான் கிளப்பினார்.

அஞ்சலையக்கா எங்கள் பக்கம் திரும்பி, சத்தமில்லாமல், தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

மேடம் இன்னொருவர் வருகிறார் என்று சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகும் வருவார்கள். வருகிற ஒவ்வொருவரோடும் நான் உட்காருவேன் அப்பா. அவர்கள் வெளியே இரு என்றால் வெளியே நிற்பேன். பேசி முடிக்கிறவரை யாரையும் அவசரப்படுத்த மாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

விழுப்புரத்தில் பிறந்து, திண்டிவனத்தில் வாழ்க்கைப்பட்ட
உன் மூத்த மகள்,
வாணி