பன்னிரண்டு மைக்கும் திறந்தே இருக்கட்டும்

மார்ச் 3, செவ்வாய்

காலையில் ஒரு தைல விளம்பரத்துக்குக் குரல் பதிவு. "மூட்டு வலியா?" என்று அந்த அம்மாள் கெஞ்சியும் கேட்டார், அதட்டியும் கேட்டார். ஒரு மைக், ஒரு நாற்காலி, ஃபேனை நிறுத்திவிட்டு வியர்வை. வீட்டின் பின்னறையில் நான் வைத்திருக்கும் இந்த ஸ்டூடியோவுக்கு அதற்கு மேல் தேவைப்பட்டதில்லை.

மதியம் தம்பி சாப்பிட வந்தான். இடது கையை மடியிலேயே வைத்திருந்தான். நான் துருவிக் கேட்ட பிறகுதான் வாயைத் திறந்தான். மணிக்கட்டில் ஆபரேஷன், பத்தொன்பதாம் தேதி. "வலி போயிடும்னு டாக்டர் சொல்றார்க்கா. குச்சி பிடிக்கிற பிடி பழையபடி வருமான்னு கேட்டேன். பார்க்கலாம்னார்."

டாக்டர் 'பார்க்கலாம்' என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா?

இத்தனை வருடமாக யார் யார் பாட்டுக்கோ டிரம்ஸ் வாசித்திருக்கிறான். அவனுக்கென்று ஒரு பதிவு கிடையாது. எங்கேயோ தூரத்தில் 'டும்' என்று கேட்கும். அதுதான் என் தம்பி என்று நான்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

ஆபரேஷனுக்கு முன்னால் எடுத்துவிட வேண்டும். இங்கேயே. நானே.

மார்ச் 4, புதன்

வீட்டுக்காரர் கேட்டது நியாயம்தான். "பெரிய ஸ்டூடியோவுல ஒரு நாள் எடுத்துட்டா வேலை முடிஞ்சுதே?"

தம்பியிடம் சொன்னேன். "கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எவனாவது உட்கார்ந்து கொட்டாவி விட்டா எனக்குக் கை ஓடாதுக்கா. உன் ரூம்னா வாசிக்கிறேன்."

மைக் சத்தத்தைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோகும் என் இன்டர்ஃபேஸ் பெட்டியில் நாலு மைக்தான் சொருகலாம். டிரம்ஸுக்கு எத்தனை வேண்டும்? காலால் மிதித்து அடிக்கிற பெரிய கிக் டிரம்முக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. மடிக்கு நேரே இருக்கும் சின்ன டிரம் ஸ்நேருக்கு மேலே, கீழே. டாம் மூன்று. ஜோடித் தட்டு ஹை-ஹாட்டுக்கு ஒன்று. சிம்பல் என்கிற பெரிய தட்டுகளுக்கு மேலே இரண்டு. அறையின் இரண்டு மூலைக்கும் இரண்டு. எண்ண விரல் போதவில்லை.

நாலே மைக்கில் எடுக்கிறவர்களும் உண்டு. ஆனால் தம்பி பெரிய அடிகளுக்கு நடுவே இடது கையால் ஸ்நேரில் பொடி அடி சிலதைத் தூவிக்கொண்டே போவான். பாட்டில் அது யாருக்கும் கேட்டதே இல்லை. இந்தத் தடவை கேட்க வேண்டும். ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

மார்ச் 7, சனி

இன்னும் எட்டு மைக் சேர்க்கும் பெட்டி வந்துவிட்டது. கடைக்காரர் மெல்லிய ஆப்டிகல் கேபிள் ஒன்றைக் கையில் கொடுத்து, "எட்டும் இது ஒண்ணுலயே போயிடும் மேடம்" என்றார். நாலும் எட்டும் பன்னிரண்டு. வீடு வருகிற வரை பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே வந்தேன்.

மைக்குகள் மைக்செட் அண்ணன் உபயம். மேடைக் கச்சேரிகளுக்கு ஒலி அமைக்கிறவர். "எத்தனையோ பேர் வாய் பட்டது. துடைச்சுட்டு வைம்மா."

மார்ச் 10, செவ்வாய்

டிரம்ஸ் வந்து இறங்கியது. என் மேசை கூடத்துக்குப் போனது. சத்தம் எதிரொலிக்காமல் இருக்கச் சுவரில் மெத்தை, சன்னலில் போர்வை.

இவர்: "என் தலையணை எங்கே?"

"கிக் டிரம்முக்குள்ள."

துண்டை மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டார். இந்த மனிதரை எதற்குக் கட்டிக்கொண்டேன் என்பது இந்த மாதிரி நாட்களில்தான் ஞாபகம் வருகிறது.

மார்ச் 13, வெள்ளி

ஒவ்வொரு மைக்காகத் தட்டிப் பார்த்தாயிற்று. கிக், ஸ்நேர், டாம், ஹை-ஹாட் எல்லாம் புதுப் பெட்டியில். சிம்பலும் அறை மூலையும் பழைய பெட்டியில். திரையில் பன்னிரண்டு கோடுகள். தட்டினால் அதது குதிக்கிறது!

புதுப் பெட்டியில் ஒரு குட்டிச் சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கிறது. "நான் ஒரு தாளம் வாசிச்சா அது ஒரு தாளத்துல கண்ணடிக்குதுக்கா" என்றான் தம்பி. கறுப்பு டேப்பை ஒட்டி அதன் வாயை அடைத்தேன்.

மார்ச் 14, சனி

எடுத்துவிட்டோம்.

கீழ்வீட்டுக் கணக்கு டீச்சரிடம் முன்பே சொல்லிவைத்திருந்தேன். தம்பி மணிக்கட்டில் பட்டையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தான். முதல் இரண்டும் சுமார். மூன்றாவது... எப்படி எழுதுவது? அந்தப் பொடி அடிகள் அரிசி களைகிற சத்தம் மாதிரி ஓடிக்கொண்டே இருந்தன. முடித்ததும் குச்சியைக் கீழே வைத்துவிட்டு, "போதும்க்கா, இதான்" என்றான். பட்டையை அவிழ்த்தேன். ஐஸ் வைத்தேன்.

நான் அழவில்லை. கொஞ்சம்தான்.

மார்ச் 15, ஞாயிறு

டிக்.

காலையில் ஹெட்ஃபோனில் கேட்கிறேன், ஸ்நேரில் ஒரு டிக். சற்று நேரத்தில் இன்னொன்று. கிக்கிலும் அதே இடத்தில். டாமிலும். புதுப் பெட்டி வழியாக வந்த எட்டிலும் ஊசி குத்தினதுபோல டிக், டிக். மூன்று பதிவிலும். வாசிக்கும்போது டிரம்ஸ் சத்தத்தில் காதில் விழவே இல்லை.

என்ன பண்ணித் தொலைச்சேன்? எங்க தப்பு? கேபிளா? கம்ப்யூட்டரா? ஐயோ, அவன்கிட்ட எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்லுவேன்?

மாலை மைக்செட் அண்ணன் வந்தார். பெட்டியைப் பார்த்தார், டேப்பைப் பார்த்தார், பிய்த்தார். விளக்கு இன்னும் சிமிட்டிக்கொண்டிருந்தது.

"இதை ஏம்மா மூடின?"

இரண்டு பெட்டிக்குள்ளும் ஆளுக்கொரு கடிகாரம் இருக்கிறதாம். ஒன்று சொல்கிறபடி மற்றது ஓட வேண்டுமாம். சத்தத்தைக் கொண்டுவர ஒரு கேபிள் போட்டேனே தவிர, நேரத்தைக் கொண்டுபோக எதிர்த்திசையில் இன்னொரு கேபிள் போடவில்லை. அதனால் புதுப் பெட்டி தன் இஷ்டத்துக்கு ஓடியிருக்கிறது. இரண்டும் விலகும்போதெல்லாம் ஒரு டிக். 'எனக்கு நேரம் வரவில்லை' என்று அந்த விளக்கு இரண்டு நாளாகக் கத்தியிருக்கிறது. நான் அதன் வாயில் டேப் ஒட்டினேன்.

பழைய பெட்டியின் நாலு மட்டும் சுத்தம். சிம்பலும் அறையும். அதில் தம்பி எங்கேயோ தூரத்தில் வாசிக்கிறான். எப்போதும் போல.

மார்ச் 16, திங்கள்

இரண்டாவது கேபிள் போட்டேன். விளக்கு ஆடாமல் அசையாமல் எரிகிறது. நாள் முழுக்க வெறும் அறையையே பதிவு செய்து கேட்டேன். ஒரு டிக் இல்லை.

தம்பிக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன்.  "டேப்ப ஒட்ட வச்சதே நான்தானேக்கா" என்றான். திட்டியிருக்கலாம்.

மார்ச் 17, செவ்வாய்

வந்தான். நான் கூப்பிடவில்லை, அவனே வந்தான். மணிக்கட்டு வீங்கியிருந்தது. உட்கார்ந்து தொடங்கினான். இடது கைக் குச்சி நழுவி விழுந்தது. எடுத்துக்கொண்டு மறுபடி தொடங்கினான், மறுபடியும் விழுந்தது. அவன் நிமிர்ந்து பார்ப்பதற்குள் பதிவை நிறுத்திவிட்டேன்.

"கழட்டிடுக்கா எல்லாத்தையும்."

"கழட்ட மாட்டேன்."

"எதுக்கு இதெல்லாம் நின்னுக்கிட்டு?"

"நீ வந்து வாசிக்கிற வரைக்கும் நிக்கும். போய்ச் சாப்பிடு."

மார்ச் 19, வியாழன்

ஆபரேஷன் முடிந்தது. "நல்லபடியா நடந்தது" என்றார் டாக்டர். பிடியைப் பற்றி நான் கேட்கவில்லை. இன்னொரு 'பார்க்கலாம்' கேட்க எனக்குத் தெம்பில்லை.

ஏப்ரல் 12, ஞாயிறு

தைல அம்மாள் மறுபடி வந்தார். டிரம்ஸுக்கும் சுவருக்கும் நடுவில் ஒடுங்கி நின்று "மூட்டு வலியா?" என்றார். கேபிள் காலைத் தட்டுகிறது என்று புகார். தட்டத்தான் செய்யும்.

இவருக்குப் புதுத் தலையணை வாங்கிக் கொடுத்தேன்.

மே 10, ஞாயிறு

தம்பி ரப்பர் பந்தை அமுக்கிக்கொண்டே பேசுகிறான். டிரம்ஸ் பேச்சையே எடுப்பதில்லை. நானும் எடுப்பதில்லை. ஆனால் ஸ்டூடியோ அறைக்கதவைத் திறந்தே வைத்திருக்கிறேன். அவன் பார்த்தான், பார்க்காத மாதிரி.

மாடிப்படியில் கணக்கு டீச்சர் பிடித்துக்கொண்டார். "அன்னைக்கு ஒரு சனிக்கிழமை அடிச்சது நல்லா இருந்துச்சே, ஏன் நிறுத்திட்டீங்க?"

"நிறுத்தலை டீச்சர்" என்றேன்.

ஜூன் 6, சனி

சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். அறையில் நாற்காலி இழுபடும் சத்தம். ஓடவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு சாதாரணமாகப் போனேன், வேறு வேலையாகப் போகிறவள் மாதிரி. பெட்டி, கம்ப்யூட்டர், எல்லாவற்றையும் போட்டேன். விளக்கு நிலையாக எரிந்தது. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டேன்.

தம்பி இடது கையில் மட்டும் குச்சி வைத்திருந்தான். ஸ்நேரில் ஒன்று. பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு இன்னொன்று. பிறகு பொடிப்பொடியாக நாலைந்து, ஒழுங்கில்லாமல். குச்சி விழவில்லை.

"சத்தமே வரலையேக்கா."

திரையில் பன்னிரண்டு கோடும் அசைந்துகொண்டிருந்தன. கிக்குக்குள் தலையணை மேல் கிடக்கும் மைக்குக்குக்கூடக் கேட்டிருக்கிறது.

"எனக்குக் கேட்குதுடா," என்றேன். "நீ வாசி."