செல்வராணியின் இதய வயது

14, செவ்வாய்

காலையிலிருந்து மழை. வார்டு ஜன்னல் ஒன்று மூடவே மூடாது. மூன்றாம் கட்டிலை நகர்த்தினோம்.

செய்ய வேண்டியவை: ஆராய்ச்சிப் படிவம் நான்கு. ஸ்கேன் அறைக்குப் போன். உம்மாவின் பிரஷர் மாத்திரை.

புது ஆள்: செல்வராணி, எல்கடுவ தேயிலைத் தோட்டம், கொழுந்து பறிக்கிறவர். அடையாள அட்டைப்படி 58. குடலின் கடைசிப் பகுதியில் கட்டி. வியாழன் ஒப்பரேஷன். மூன்று தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், திரும்பவில்லை. "காது மந்தம்?" என்று எழுதி வைத்தேன்.

எங்கள் பெரிய சர்ஜன் சேரின் ஆராய்ச்சி: ஒப்பரேஷனுக்கு முன் இதயத்தை ஸ்கேன் பண்ணி அதற்கு எத்தனை வயது என்று கணக்கிடுவது. பிறகு, வெட்டிய குடலை ஸ்டேப்ளரால் பொருத்தினால் யாருக்கு ஆறுகிறது, யாருக்குக் கசிகிறது என்று பார்ப்பது. ஆளைவிட இதயம் பத்து வயதுக்கு மேல் மூத்திருந்தால் பொருத்தக் கூடாது, மலம் போக வயிற்றில் பைதான். அது அவர் சட்டம்.

செல்வராணியின் இதயம் 71. பதின்மூன்று கூட. ஆகவே பை.

15, புதன்

மழை. என் வாய் சும்மா இருந்திருக்கலாம்.

படிவம் இன்னும் சேரிடம் போகவில்லை. பையைப் பற்றிப் பக்குவமாக ஆரம்பிக்கிறேன் பேர்வழி என்று, "உங்க இதயத்துக்கு எழுபத்தொரு வயசுன்னு மெஷின் காட்டுதும்மா" என்றேன். மனுஷி வெளுத்துப் போனார்.

"மெஷின் கண்டுபுடிச்சிருச்சுங்களா?"

"எதை?"

மகள் லெட்சுமியை டீ வாங்க அனுப்பிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் செல்வராணி இல்லைங்க டொக்டரம்மா. அது என் தங்கச்சி. நாலு வயசுல காய்ச்சல்ல செத்துப் போச்சு. எனக்குப் பொறப்பு சேட்டிபிகட்டே எடுக்கல. ஐடென்டி காட் எடுக்கப் போனப்ப அப்பா அவளோடதக் குடுத்துட்டாரு. நான் மாரியாயி. அவளுக்கு ஏழு வயசு மூத்தவ. செல்வராணிங்கிறது கடதாசியில மட்டுந்தாங்க. லயத்து வீடுகள்ல யாரும் அப்பிடிக் கூப்பிட மாட்டாங்க."

காது நன்றாகவே கேட்கிறது. மந்தம் எனக்குத்தான்.

அப்படியானால் உண்மையான வயது 65. இதயம் ஆறு வயதுதான் மூத்தது. பை தேவையில்லை! சேரிடம் சொல்கிறேன் என்றேன்.

"ஐயையோ, வேணாங்க! அறுவது தாண்டிட்டேன்னு தெரிஞ்சா தோட்டத்துல பேர வெட்டிருவாங்க. பொய் ஐடென்டி காட்டுன்னு பொலிசு வரும். பையும் வேணாங்க. அதத் தொங்கவிட்டுக்கிட்டு இடுப்புல எப்பிடிப் படங்குச் சாக்கு கட்டுறது, எப்பிடி மலை ஏறுறது? உங்க சாமி மேல சொல்லுங்க, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு."

"வல்லாஹி, சொல்ல மாட்டேன்."

மத்தியானம் புதுப் படிவம் எடுத்தேன். வயது 58. இதயம் 64. வித்தியாசம் ஆறு. வித்தியாசம் உண்மை, எண் இரண்டும் பொய். சேர் பார்த்தார், "நல்லது, பொருத்தலாம்" என்று கையெழுத்துப் போட்டார்.

16, வியாழன்

அதிசயமாக வெயில். ஒப்பரேஷன் மூன்று மணி நேரம். ஸ்டேப்ளரை அடித்தது சேர், குடலைப் பிடித்தது நான். கருவி வெட்டித் தந்த குடல் வளையம் இரண்டும் முழுசு, பொருத்து சரி. தண்ணீர் விட்டுக் காற்று ஊதிப் பார்த்தோம். ஒரு குமிழிகூட வரவில்லை, கசிவு இல்லை.

லெட்சுமி: "உள்ளுக்கு ஸ்டேப்ளர் பின் அடிச்சிருக்காங்களாமே மிஸ். துருப் பிடிக்காதுங்களா?" சிரித்துவிட்டேன், பாவம். பிடிக்காது என்றேன்.

18, சனி

மாரியாயி (இங்கே மட்டும் எழுதலாம்) வெட்கப்பட்டுக்கொண்டே காதோடு சொன்னார்: "காத்துப் போச்சுங்க." குடல் வேலை செய்கிறது. அல்ஹம்துலில்லாஹ்.

மாத்திரை மறுபடி மறதி. உம்மா: "நீயும் ஒரு டொக்டர்!"

20, திங்கள்

காய்ச்சல் 102. நாடி 130. வயிறு பலகை மாதிரி. கசிந்துவிட்டது.

கசிவு யாருக்கும் வரும், இளசுகளுக்கும் வரும். தெரியும். ஆனால் நான் 71 என்று எழுதியிருந்தால் இந்நேரம் பையோடு உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருப்பார். நான்தான் செய்தேன். வேறு யாரும் இல்லை.

உடனே திறக்க வேண்டும் என்றார் சேர். "அறுபத்துநாலு வயசு இதயம்தானே, தாங்கும். பயப்படாதே." மயக்க மருந்து டொக்டரிடம் ஓடிப்போய், "இதயம் படிவத்தில் இருக்கிறதைவிட மோசம், கவனம்" என்று மட்டும் சொன்னேன். எப்படித் தெரியும் என்று கேட்டார். கை கழுவப் போனேன். கோழை.

கழுவினோம். பொருத்தியதைப் பிரித்தோம். பை வைத்தோம்.

21, செவ்வாய்

மழை.

மாரியாயி ஐசியூவில். தூக்க மருந்தை ஆறு மணிக்கே நிறுத்தியாச்சு. பத்து மணியாகியும் கண் திறக்கவில்லை. சிஸ்டர் தோளைத் தட்டித் தட்டிக் கூப்பிடுகிறார்: "செல்வராணி! செல்வராணி!" ஒன்றுமில்லை. சேர் கண்ணில் டோர்ச் அடித்துப் பார்த்தார். இதயம் தடுமாறி மூளைக்கு ரத்தம் போகாமல் விட்டதோ, ஸ்கேனுக்குச் சொல்லு என்றார். கண்ணாடிக்கு வெளியே லெட்சுமி, வாயில் முந்தானை.

குனிந்து, மெதுவாக, "மாரியாயிம்மா" என்றேன். இமை லேசாக ஆடியது. அல்லது எனக்கு அப்படித் தோன்றியது.

வல்லாஹி என்று சொன்ன அதே வாய். எல்லோருக்கும் கேட்க, "மாரியாயி!" என்று கத்தினேன்.

கண் திறந்தது. என்னைப் பார்த்தார். பிறகு என் பின்னால் நின்ற சேரைப் பார்த்தார். தொண்டையில் குழாய், பேச முடியாது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

"கவ்த மாரியாயி?" என்று சேர் சிங்களத்தில் கேட்டார், யாரது என்று. சிஸ்டர் படிவத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

கொஞ்சம் உட்காருங்க சேர், என்றேன்.