ஆறாவது ஊசி

ஜூன் 28, சனி

இன்றைக்கும் சாரல். துணி காயவில்லை. போன வருஷத்துக் கணக்கு நோட்டில் மிச்சமிருக்கும் பக்கங்களில்தான் இனி எழுதப்போகிறேன். அம்மா தூங்கிவிட்டாள். போர்வைக்குள் போன் வெளிச்சம்.

மணிகண்டபிரபு மாமா மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்த பெட்டியை அம்மா இன்றுதான் ஒரு முழு வாளிக் களாக்காய்க்கும் பயன்படுத்தினாள். வெள்ளைப் பிளாஸ்டிக் பெட்டி. மேலே ஆறு குழி. குழிக்கு ஒரு காய் வைத்து மூடியை அழுத்தினால், மூடியில் இருக்கும் ஆறு ஊசியும் ஒன்றாக இறங்கிக் கொட்டையை அடிப்பெட்டிக்குள் தள்ளிவிடும். அங்கே அதை நிஜமான செர்ரிப் பழத்துக்கு வைத்திருக்கிறார்கள். நாங்கள் களாக்காய்க்கு வைத்திருக்கிறோம். பன்னிலும் கேக்கிலும் சிவப்பாக இருக்கிறதே, அது செர்ரி இல்லை, சாயம் போட்டுச் சீனிப்பாகில் ஊறிய களாக்காய் என்று வகுப்பில் சொன்னால் யாரும் நம்புவதில்லை. எப்சிபா மட்டும் நம்புவாள். அவள் வீட்டுக்கு வந்து பார்த்திருக்கிறாள்.

பக்கத்து வீட்டு மூக்கம்மாள் அத்தைதான் அம்மாவுக்கு ஒத்தாசை. இத்தனை நாள் கொண்டை ஊசியால் ஒவ்வொரு காயாகத் தோண்டியவள். பெட்டியைப் பார்த்துவிட்டு, "ஆறு பல்ல வச்சிக்கிட்டு என்னமா கடிக்கி. எங்க வீட்டு மனுசனுக்கு முப்பத்திரண்டு இருந்தும் ஒரு பிரயோசனமும் இல்ல" என்றாள். அம்மா சிரித்துச் சிரித்து இருமினாள். அதிலிருந்து பெட்டிக்குப் பெயர் ஆறுபல்லன்.

குற்றாலத்தில் கைலாசம் அண்ணாச்சி பேக்கரிக்கு சீசன் முடியும்வரை அம்மாதான் செர்ரி கொடுக்கப்போகிறாள். அப்பா சம்மதித்ததே பெரிது. "திங்கிற சாமான். ஒரு ஆளு வந்து ஒரு குத்தம் சொன்னாலும் அன்னைக்கே அடுப்ப அணைச்சிரணும்" என்று சொல்லிவிட்டுத்தான் கொல்லத்துக்கு லாரி எடுத்தார்.

ஜூலை 5, சனி

என்ன செய்துவிட்டேன் நான்.

வரிசையாக எழுதினால்தான் எனக்கே புரியும். வியாழக்கிழமை இரண்டு வாளிக் காய்க்கும் உப்புத் தண்ணீர் ஊற்றச் சொன்னாள் அம்மா. நான் ஒரு வாளிக்குத்தான் ஊற்றினேன். இரண்டாவதை மூடி வைத்துவிட்டுப் பரீட்சைக்குப் படிக்கப் போனவள் மறந்தேபோனேன். இன்று மத்தியானம் அம்மா சீனி வாங்கத் தென்காசிக்குப் போனாள். இரண்டு வாளியையும் கொட்டை எடுத்து வைத்துவிட்டு எங்கே வேண்டுமானாலும் போ என்றாள். அதே நேரம் எப்சிபா போன். ஐந்தருவியில் குளிக்க மூன்று நாளாக இருந்த தடையை எடுத்துவிட்டார்களாம். அவள் அக்கா குடும்பம் போகிறதாம். நாலு மணிக்குள் வந்தால் என்னையும் கூட்டிப்போவார்களாம்.

முதல் வாளி சுலபமாக முடிந்தது. இரண்டாவதைத் திறந்தபோதுதான் உப்புத் தண்ணீர் ஊற்றாதது ஞாபகம் வந்தது. ஊறாத களாக்காய் கல் மாதிரி இருக்கும். பால் வேறு பிசின் போல ஒட்டும். மூடி இறங்கவே இல்லை. அம்மிக் குழவியை எடுத்து மூடியின் மேல் குத்தினேன். இறங்கியது. குத்திக் குத்தியே முழு வாளியையும் முடித்தேன். எல்லாக் காயையும் ஒரே அண்டாவில் கொட்டிவிட்டு ஓடினேன்.

அருவியில் குளித்தேன். சிரித்தேன். இப்போது நினைத்தால் குமட்டுகிறது.

திரும்பி வந்து பெட்டியைக் கழுவும்போதுதான் பார்த்தேன். ஓரத்து ஊசி குட்டையாக இருந்தது. நுனி இல்லை. ஒரு நெல்மணி நீளத்துக்கு இல்லை. கொட்டைகளை முறத்தில் பரப்பித் தேடினேன். தரையைத் தடவினேன். எங்கேயும் இல்லை. அப்படியானால் ஏதோ ஒரு காய்க்குள்தான் இருக்கிறது. அதற்குள் அம்மா வந்து, காயைக் கழுவி, அண்டாவை அடுப்பில் ஏற்றிவிட்டாள்.

சொல்லத்தான் பக்கத்தில் போனேன். ஆறியதும் தண்ணீரை வடித்துவிடச் சொன்னாள். சரி என்றேன். அந்த ஒரு வார்த்தைதான் வந்தது.

ஆறுபல்லனைப் பழைய புத்தகப் பையில் சுற்றி என் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன். எனக்கு நேர் கீழே.

ஜூலை 6, ஞாயிறு

சிவப்புச் சாயம் போட்டாயிற்று. இனிமேல் எதற்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

ஜூலை 7, திங்கள்

காந்தம் என்று ஒன்று இருப்பது பள்ளிக்கூடத்தில் வைத்துத்தான் ஞாபகம் வந்தது. சந்தோஷத்தில் சாப்பிடக்கூட இல்லை. சாயங்காலம் வந்து, உடைந்த ரேடியோவின் ஸ்பீக்கரைக் கழற்றிக் காந்தத்தை எடுத்தேன். முதலில் பெட்டியில் மிச்சமிருக்கும் ஊசியில் வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. ஐந்து ஊசியிலும் வைத்துப் பார்த்தேன்.

துருப்பிடிக்காத சில வகை எஃகில் காந்தம் ஒட்டாது என்று யோகலட்சுமி டீச்சர் பாடம் நடத்தியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அன்றைக்கு அதைக் கேள்விக்குப் பதிலாக எழுதி மார்க் வாங்கினேன்.

ஜூலை 8, செவ்வாய்

அம்மா பெட்டியைத் தேடினாள். அடுக்களை, பரண், மூக்கம்மாள் அத்தை வீடு எல்லாம். மாமா ஆசையாகக் கொண்டுவந்தது என்று இரண்டு தடவை சொன்னாள். ஆறுபல்லன் ஊர் ஞாபகம் வந்து மஸ்கட்டுக்கே போயிருப்பான் என்று அத்தை மறுபடியும் கொண்டை ஊசியை எடுத்தாள். நானும் தேடினேன். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்து, இல்லை என்று சொன்னேன். என் குரல் எனக்கே சாதாரணமாகக் கேட்டது. அதுதான் பயமாக இருக்கிறது.

ஜூலை 9, புதன்

தினமும் அம்மா பாகை வடித்து, காய்ச்சி, திரும்ப ஊற்றுகிறாள். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கெட்டியாகும். வெள்ளிக்கிழமை டப்பாவில் அடைத்துவிடுவாள்.

ரேஷன் கடைக்கு அவள் போன நேரத்தில் அண்டாவுக்குள் கையை விட்டு ஒவ்வொன்றாக நசுக்கிப் பார்த்தேன். ஊசி உடைந்த காயில் ஓட்டை முழுதாக இருக்காது என்று நினைத்து, ஓட்டை இருந்ததைத் திரும்பப் பாகிலேயே போட்டேன். எல்லாவற்றிலும் ஓட்டை இருந்தது. விரலுக்கு எதுவும் தட்டுப்படவில்லை. மூன்று கை அள்ளி முடிப்பதற்குள் கதவுச் சத்தம்.

"ஏட்டி, கை ஏன் இப்பிடிச் செவந்து கெடக்கு?"

ஒன்று தின்றேன் என்றேன். தின்றால் தின்றுவிட்டுப் போ, கையை விட்டுக் கலக்காதே, பாகு புளித்துவிடும் என்றாள். கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ? தெரியவில்லை. சோப்புப் போட்டும் சிவப்பு போகவில்லை. இப்போது பேனாவைப் பிடித்திருக்கும் விரலும் சிவப்புதான்.

ஜூலை 11, வெள்ளி

ஐந்து டப்பா போய்விட்டது. அம்மா நீலச் சேலை கட்டிக்கொண்டு பஸ்ஸில் கொண்டுபோனாள். திரும்பி வந்ததும் முதலில் சொன்னது, அண்ணாச்சி அவள் கண்முன்னாலேயே ஒன்றை எடுத்து வாயில் போட்டார் என்று.  ரொம்ப நன்றாக இருக்கிறது என்றாராம்.

மென்று தின்றாரா, அப்படியே விழுங்கினாரா என்று கேட்டேன். அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

ஜூலை 12, சனி

போன் அடிக்கும்போதெல்லாம் யார் என்று ஓடிப்போய்ப் பார்க்கிறேன். இதுவரை ஒன்றும் வரவில்லை. தொண்டையில் குத்தினால் யாரும் போன் செய்யமாட்டார்கள், நேரே ஆஸ்பத்திரிக்குத்தானே போவார்கள்.

ஜூலை 13, ஞாயிறு

எப்சிபாவின் அக்கா குழந்தைக்கு இன்று முதல் பிறந்தநாள். ஜெபம் முடிந்து கேக்கைத் திறந்தார்கள். அட்டைப்பெட்டியில் கைலாசம் அண்ணாச்சி பேக்கரியின் பெயர். கேக்கைச் சுற்றிப் பன்னிரண்டு செர்ரி.

வெட்டியதும் தட்டுத் தட்டாகப் போய்க் கேட்டேன். எனக்குச் செர்ரி என்றால் உயிர் என்றேன். எல்லோரும் எடுத்துக் கொடுத்தார்கள். ஒவ்வொன்றையும் முன்பல்லால் மெதுவாகக் கடித்தேன். எதிலாவது அது இருந்தால் என் பல்லில்தான் தட்டட்டும். பதினொன்று தின்றேன். "ஒங்க வீட்லயே ஒரு அண்டா கெடக்குமே, ஒனக்குப் பத்தலியாட்டி?" என்றாள் எப்சிபா. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பன்னிரண்டாவதைக் காணோம். திரும்பிப் பார்த்தால் அது குழந்தையின் கையில். வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது.

எப்படிப் பாய்ந்தேன் என்று தெரியவில்லை. குழந்தையின் வாய்க்குள் விரலை விட்டுப் பிடுங்கினேன். அது வீறிட்டது. உதட்டில் என் நகம் பட்டு லேசாக இரத்தம். அக்கா குழந்தையை வாரி எடுத்துக்கொண்டாள். "சின்னப் புள்ள கையில உள்ளதையுமா பிடுங்கித் திம்பா?" இப்போது யாரும் சிரிக்கவில்லை. எப்சிபா என்னைப் பார்க்காமல் தட்டுகளை அடுக்கினாள்.

அந்தச் செர்ரியிலும் ஒன்றும் இல்லை.

பஸ்ஸில் வரும்போது எண்ணிப் பார்த்தேன். டீக்கடைக் கண்ணாடிக்குள் பன், ஆர்டர் கேக், சீசனுக்கு வந்தவர்கள் பொட்டலம் கட்டி ஊருக்குக் கொண்டுபோவது. நான் எத்தனையைத் தின்றுவிட முடியும்? ஒவ்வொரு வீட்டிலும் போய்க் குழந்தையின் வாயில் விரலை விடவா?

அம்மா இன்னும் தூங்கவில்லை. அடுக்களையில் பாத்திரச் சத்தம் கேட்கிறது. பையை வெளியே எடுத்துவிட்டேன். போறேன்.

ஜூலை 14, திங்கள்

நேற்று சொல்லிவிட்டேன். உப்புத் தண்ணீர், குழவி, காந்தம், குழந்தை எல்லாம். அம்மா பெட்டியை வாங்கி ஒவ்வொரு ஊசியாகத் தடவிப் பார்த்தாள். அடிக்கவில்லை. நுனி எவ்வளவு நீளம் என்று மட்டும் கேட்டாள். பிறகு அப்போதே போனை எடுத்தாள். சாயம் சரியில்லை, பாகு புளித்துவிட்டது என்று ஏதாவது சொல்வாள் என்றுதான் நினைத்தேன்.

"அண்ணாச்சி, எங்க செர்ரிய யாருக்கும் குடுக்காதீங்க. கேக்குல வச்சதையும் எடுத்துருங்க. உள்ள கம்பித் துண்டு கெடக்கு."

அந்தப் பக்கம் அவர் போட்ட சத்தம் எனக்கே கேட்டது. அம்மா எல்லாவற்றுக்கும் 'ஆமா அண்ணாச்சி' என்றாள். போனை வைத்துவிட்டு என்னிடம், "எட்டு நாளு நீ பயந்து யாருக்கு என்ன ஆச்சு? அந்தப் பயத்த அன்னைக்கே எங்கிட்ட குடுத்திருந்தா, அண்டாவக் கவுத்திட்டுப் படுத்திருப்போம்" என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

இன்று பள்ளிக்கூடம் போகவில்லை. முதல் பஸ்ஸில் இரண்டு பேரும் குற்றாலம் போனோம். பேக்கரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த கேக்கெல்லாம் செர்ரி இல்லாமல் குழி குழியாக நின்றன. தலையில் எண்ணெய் வழிய அருவிக்குப் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அண்ணாச்சி அம்மாவிடம் பேசவில்லை. நாலு டப்பாவைத் திறக்கவில்லை, ஐந்தாவதில் பாதி செலவாகிவிட்டது என்று கடைப் பையனிடம் சொல்வதுபோலச் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து அம்மா, மூக்கம்மாள் அத்தை, நான் மூன்று பேரும் பாய் விரித்து உட்கார்ந்தோம். ஒவ்வொரு செர்ரியையும் நாலாக வெட்டினோம். முதல் டப்பாவில் இல்லை. இரண்டாவதில் இல்லை. மூன்றும் நாலும் முடிந்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது. மூன்று பேர் கையும் சிவப்பு. மிச்சம் அந்தப் பாதி டப்பாதான். அதிலும் இல்லையென்றால் அது வெளியே போன பாதியில் இருக்கிறது.  நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். 

டப்பாவின் தூர் தெரிகிற நேரத்தில் அம்மாவின் கத்தி நின்றது. 'க்ரிக்' என்று ஒரு சின்னச் சத்தம்.

அதை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். உடைந்த ஊசியோடு சேர்த்து வைத்தாள். பொருந்தியது. அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், அந்தச் சிவப்புக் கையாலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் அவள் மடியில் விழுந்து அழுதேன்.

மூக்கம்மாள் அத்தை, "பல்லு விழுந்தா சாணியில உருட்டிக் கூரையில எறியணும்லா. ஆறுபல்லனுக்கு யாரு எறிய?" என்றாள். அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். எறியவில்லை. ஒரு தீப்பெட்டிக்குள் போட்டுச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டாள்.

ஜூலை 17, வியாழன்

எப்சிபாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.  அவள் மத்தியானம் தனியாகத்தான் சாப்பிட்டாள். சாயங்காலம் என் சைக்கிள் பக்கத்தில் நின்று, அக்காவிடம் நீயே வந்து சொல் என்றாள். போய்ச் சொன்னேன். அக்கா முதலில் குழந்தையின் வாயைத் திறந்து பார்த்தாள். காயம் அதற்குள் ஆறிப்போயிருந்தது. அப்புறம் உள்ளே போய்விட்டாள். குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது.

ஜூலை 20, ஞாயிறு

அப்பா வந்தார். அம்மா நான் சொல்வதற்கு முன்னால் தானே சொன்னாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அடுப்பை அணைக்கச் சொல்வார் என்று எனக்குத் தெரியும். சொன்னார். அம்மா, "ஆளு வந்து குத்தம் சொன்னாதான அணைக்கணும்னு சொன்னீங்க? யாரும் வந்து சொல்லலியே. நாமள்லா போய்ச் சொன்னோம்" என்றாள்.

அப்பா தீப்பெட்டியைத் திறந்து அந்தத் துண்டை உள்ளங்கையில் போட்டு வெகுநேரம் பார்த்தார். என்னைக் கூப்பிட்டார். போனேன். அடிக்கப்போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். லாரிப் பெட்டியிலிருந்து குறடு எடுத்து வரச் சொன்னார். மிச்சமிருந்த அரை ஊசியைப் பிடித்து இழுத்து எடுத்துவிட்டு, பெட்டியை அம்மா பக்கம் தள்ளினார்.

ஜூலை 30, புதன்

கைலாசம் அண்ணாச்சி போன் செய்தார். ஒரே ஒரு டப்பா, பார்த்துவிட்டு அப்புறம் சொல்கிறேன் என்றாராம். குரலில் இன்னும் கோபம் இருக்கிறதாம். இருக்கட்டும் என்றாள் அம்மா.

இனிமேல் தொடங்கும் முன்னும் முடித்த பின்னும் ஊசியை எண்ண வேண்டும், எண்ணியதை எழுத வேண்டும் என்றாள். எண்ணுகிற வேலை எனக்கு. "மனசுக்குள்ள எண்ணாத. எனக்குக் கேக்கணும்."

எந்த நோட்டில் எழுத என்று கேட்டேன். "போர்வைக்குள்ள வச்சி எழுதுதியே, அது தீந்துபோச்சா?" என்றாள்.

 படித்திருக்கிறாளா? அவள் பாட்டுக்குக் களாக்காயில் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். வெளிச்சம் மட்டும்தான் தெரியும், கண்ணு கெட்டுப்போகும், லைட்டைப் போட்டுக்கொண்டு எழுது என்றாள்.

ஆகஸ்டு 2, சனி. சாயங்காலம் ஐந்து மணி, அடுக்களையில்

களாக்காய் ஒரு வாளி.

உப்புத் தண்ணீரில் இரண்டு நாள். ஊற்றியது நான். தொட்டுப் பார்த்தது அம்மா.

தொடங்கும் முன்: முழு ஊசி ஐந்து. ஆறாவது குழி காலி.

முடித்த பின்: முழு ஊசி ஐந்து.

சத்தமாக எண்ணியவர்: இசக்கிசெல்வி.