உன் காரின் இரண்டாவது சாவி

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் உன் காரைப் பார்த்தேன். தேவராஜ மார்க்கெட்டில் பூ வாங்கிக்கொண்டு, பஸ் பிடிக்கப் பின்பக்கத் தெரு வழியாக வந்துகொண்டிருந்தேன். வரிசையாக நின்ற வண்டிகளுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் ஒன்று. பின்னால், நீ அலுவலக கேட்டில் இடித்த கீறல் அப்படியே இருந்தது. பார்த்ததும் ஒதுங்கிப் போயிருக்க வேண்டும். எனக்கு எங்கே அந்தப் புத்தி. கிட்டே போனேன். உடனே விளக்கு எரிந்தது, மடங்கியிருந்த இரண்டு பக்கக் கண்ணாடிகளும் மெல்ல விரிந்தன. எங்கள் மார்டள்ளி வீட்டில் தீவனம் கொண்டுவரும் ஆளைக் கண்டதும் மாடு காதை விரிக்குமே, அப்படி.

அங்கே நின்ற காவலாளி, உங்கள் வண்டியா என்று கன்னடத்தில் கேட்டார். "இல்லப்பா" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தேன். கைப்பையை மாரோடு அணைத்துக்கொண்டு நான் போன போக்கைப் பார்த்தவர்கள் என்னைத் திருடி என்றுதான் நினைத்திருப்பார்கள். நினைத்தாலும் தப்பில்லை. உன் காரின் இரண்டாவது சாவி அந்தப் பையில்தான் இருந்தது. அதை வைத்துத்தான் கார் என்னை அடையாளம் கண்டுகொண்டது. கார் இப்போது உன் வீட்டாருடையதுகூட இல்லை. விஜயநகரில் யாருக்கோ விற்றாகிவிட்டது. ஒரு சாவி தொலைந்துபோயிற்று என்று சொல்லித்தான் விற்றார்கள். அது தொலையவில்லை. நான் வைத்திருந்தேன். கேட்டபோது இல்லை என்றும் சொன்னேன்.

இதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் இந்தச் சாவியைப் பற்றி உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல.

அந்தக் கார் வந்த புதிதில் உன் கை பட்ட பாடு நினைவிருக்கிறதா? ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் சாவி போடும் துளையை வலது கை தேடிக்கொண்டே இருக்கும். சாவி கைப்பையில் இருந்தால் போதும், பொத்தானை அமுக்கினால் கிளம்பிவிடும் என்று கடைக்காரப் பையன் எத்தனை தடவை சொன்னானோ, உனக்கு நம்பிக்கை வரவில்லை. அதைவிடப் பெரிய தொல்லை பூட்டுவதுதான். வண்டியைப் பூட்டிவிட்டு நாலடி நடந்ததும் உனக்குச் சந்தேகம் வந்துவிடும். திரும்பிப் போய்க் கைப்பிடியை இழுத்துப் பார்ப்பாய். சாவிதான் உன் பையில் இருக்கிறதே, தொட்டதும் திறந்துகொள்ளும். "பாத்தியா, பூட்டவே இல்ல!" என்று மறுபடி பூட்டுவாய். மறுபடி இழுப்பாய். மறுபடி திறக்கும். ஸ்ரீரங்கப்பட்டணம் அலுவலக வாசலில் நீயும் காரும் இப்படி மல்லுக்கட்டுவதை டீக்கடையே வேடிக்கை பார்க்கும்.

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தாய். சாவியை என்னிடம் கொடுத்து, ரோட்டுக்கு அந்தப் பக்கம் இளநீர்க் கடையருகே போய் நிற்கச் சொல்வாய். நான் அங்கே நிற்க, நீ இங்கே கைப்பிடியை இழுத்துப் பார்ப்பாய். "சாவி வெச்சிருக்கறவ தள்ளி நிக்கணும் கணே, இல்லாட்டி பூட்டு பொய் சொல்லும்" என்பாய். உன் தமிழில் பாதிக்குப் பாதி, 'டி' போட வேண்டிய இடத்தில் வரும் இந்தக் கன்னடக் 'கணே'தான். என் 'ங்க'வை நீ கிண்டல் செய்வாய், உன் 'கணே'யை நான் கிண்டல் செய்வேன். ரயில்வேக் குடியிருப்பில் வளர்ந்த நீயும் மலைமாதேசுவரன் மலைப்பக்கத்துக் காட்டுக்காரி மகளான நானும் பேசுவது ஒரே தமிழா என்று நமக்கே சந்தேகம் வரும்.

இரண்டாவது சாவி என்னிடம் வந்தது ஆயுத பூஜையால். அலுவலக முற்றத்தில் எல்லா வண்டிகளுக்கும் பூஜை. வண்டிச் சாவிகளைத் தட்டில் வைத்து மஞ்சள் குங்குமம் இட்டு, பிறகுதான் வண்டி எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற வேண்டும் என்பது அங்கே வழக்கம். உன் முறை வந்தபோது, சாவியைத் தட்டில் வைத்தால் வண்டி எப்படிக் கிளம்பும் என்று ஒரே குழப்பம். நான்தான் பெரிய மேதாவி மாதிரி யோசனை சொன்னேன். முதலில் சாவியோடு உள்ளே உட்கார்ந்து ஸ்டார்ட் செய், அப்புறம் சாவியை ஜன்னல் வழியாகத் தட்டில் போடு. அப்படியே செய்தாய். பழம் நசுங்கியது, எல்லோரும் கைதட்டினார்கள், நான் பொரிப் பொட்டலத்தோடு ஏறிக்கொண்டேன், கிளம்பிவிட்டோம். வழியெல்லாம் கார் கீச்சுக்கீச்சென்று கத்தியது. பின்சீட்டில் பூசணிக்காய் இருக்கிறதே, அதற்கு சீட் பெல்ட் போடச் சொல்கிறது என்று நாமே முடிவு செய்துகொண்டு சிரித்தோம். உன் வீட்டருகே, யாதவகிரி முனையில் பூ வாங்க நிறுத்தி வண்டியை அணைத்தாய். அவ்வளவுதான், அதற்குப் பிறகு அது அசையவில்லை. சாவி ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தட்டில் சாமந்திப் பூவுக்குள் இருந்தது.

மறுநாள் பீரோவில் இருந்த இன்னொரு சாவியை எடுத்துவந்து என் பையில் போட்டாய். "இது உன்கிட்டயே இருக்கட்டும் கணே. ஒருத்தி மறந்தா ஒருத்தி" என்றாய். வீட்டில் யாரிடமும் நீ சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயமாக அது தோன்றவே இல்லை, இல்லையா? அதற்கப்புறம் உன் சந்தேகத்தைத் தீர்க்க நான் இரண்டு சாவிகளையும் தூக்கிக்கொண்டு ரோட்டைத் தாண்ட வேண்டியதாயிற்று.

அடுத்த மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று நீயும் சொன்னாய், நானும் நம்பினேன். ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பி வரவில்லை.

காரியத்தன்று உன் வீட்டுக் கூடத்தில் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். உன் பட்டுப் புடவைகளை உன் நாத்தனார்கள் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அது முறைதான், நான் குறை சொல்லவில்லை. யாரோ ஒரு அம்மாள் என்னைக் காட்டி இவர் யார் என்று உன் மகளிடம் கேட்டார். "அம்மா ஆபீஸ்ல வேலை செய்யறவங்க. அம்மா டெய்லி இவங்களுக்கு லிஃப்ட் குடுப்பாங்க" என்றாள். பாவம், அவளுக்கு பெங்களூரில் வேலை, நம்மை அவள் எங்கே பார்த்தாள். ஆனால் எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷம் ஒரே டப்பாவில் சாப்பிட்டதும், ஆபீஸ் போகும் வழியில் பாலத்தின் மேல் போக்குவரத்து நின்றபோதெல்லாம் மனசைக் கொட்டியதும் லிஃப்ட் ஆகிவிட்டதே என்று நெஞ்சு எரிந்தது. கொஞ்ச நேரத்தில் அவளே என்னிடம் வந்தாள். "ஆன்ட்டி, காரோட இன்னொரு கீ காணோம். அம்மா உங்ககிட்ட எதாவது குடுத்திருந்தாங்களா?"

"இல்லையேம்மா" என்றேன். பை என் மடியில் இருந்தது.

உன் ஞாபகமாக ஒன்று வேண்டும் என்று வைத்துக்கொண்டேன் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். உன்னிடம் அப்படிச் சொல்ல மாட்டேன். அந்த நிமிஷம் எனக்கு ரோஷம்தான். லிஃப்ட் கேட்டு வந்தவளிடம் சாவி எதற்கு இருக்கப்போகிறது என்ற ரோஷம். அடுத்த நாளே போய்க் கொடுத்திருக்கலாம். என்ன சொல்லிக் கொடுப்பது என்று தள்ளிப்போட்டேன், காரே விலைபோய்விட்டது. இனி யாருக்கு என்ன நஷ்டம் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

நஷ்டப்பட்டவர் உன் வீட்டுக்காரர். தீபாவளிக்கு முன்பு அண்ணாவைப் பார்க்கப் போனேன். உன் பீரோ முழுக்கக் கட்டிலின் மேல் கிடந்தது. "அந்தக் கீ இங்கதாம்மா இருந்தது. என் கண்ணால பாத்திருக்கேன்" என்றார். ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர், இன்றைக்கும் எந்த ரயில் எந்த நேரத்துக்கு எந்த ஊரைத் தாண்டும் என்று புத்தகம் பார்க்காமல் சொல்பவர். அவர் பார்த்தது உண்மைதான், அந்த ஆயுத பூஜைக்கு மறுநாள் வரைக்கும் அது அங்கேதான் இருந்தது. இது அவருக்குத் தெரியாது. கார் விற்ற பிறகும் தேடிக்கொண்டிருந்தார். "பொண்ணு சொல்றா, எனக்கு மறதி ஆரம்பிச்சுடுச்சாம். அடுப்பை ஒரு நாள் அணைக்காம விட்டேன். அதையும் இதையும் சேத்து வெச்சுப் பேசறா. தனியா விட முடியாதுன்னு பெங்களூருக்குக் கூப்பிடறா. கீ இருந்த இடம் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கேம்மா. அப்ப அந்த ஞாபகமே பொய்யா?"

நான் என்ன செய்தேன் தெரியுமா? அவரோடு சேர்ந்து தேடினேன். பையை நாற்காலியில் வைத்துவிட்டு, உன் புடவைகளை ஒவ்வொன்றாக உதறிப் பார்த்தேன். ரவிக்கை மடிப்பில்கூட விரலை விட்டுப் பார்த்தேன். "கிடைச்சிருமுங்கண்ணா" என்று ஆறுதல் வேறு சொன்னேன். என் ஆயுசில் இவ்வளவு கேவலமாக நான் நடந்துகொண்டதில்லை.

வெள்ளிக்கிழமை ராத்திரி முழுக்க அந்தக் கண்ணாடிகள் விரிந்ததே கண்ணில் நின்றது. சனிக்கிழமை காலையில் யாதவகிரிக்குப் போனேன். கூடத்தில் அட்டைப்பெட்டிகள். தைக்கு முன்னால் பெங்களூர் போவதாக முடிவாகிவிட்டதாம். அவர் பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தார். நான் உட்காரவில்லை. சாவியை எடுத்து மேஜை மேல் வைத்தேன்.

"என்கிட்டத்தானுங்கண்ணா இருந்துச்சு. பூஜை அன்னைக்கு அவ கீயை விட்டுட்டு வந்தா இல்லீங்களா, மறுநாள் பீரோல இருந்ததை எடுத்து எனக்குக் குடுத்தா. உங்க பொண்ணு கேட்டப்ப இல்லைன்னு சொல்லிட்டேனுங்க. அன்னைக்கு உங்ககூடத் தேடினப்பக்கூட என் பையிலதான் இருந்துச்சுங்க."

அவர் சாவியை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். அவர் என்னைப் பார்க்காமல் போனை எடுத்து உன் மகளைக் கூப்பிட்டார். காது சரியாகக் கேட்காததால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார், உனக்குத் தெரியும்.

"கீ கிடைச்சுடுச்சும்மா. பீரோலயேதான் இருந்தது. துணிக்கு அடியில."

என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருக்க அவர் பொய் சொல்கிறார். வாழ்க்கையில் ரயில் தாமதத்தைக்கூட ஒரு நிமிஷம் குறைத்துச் சொல்லாத மனுஷர்.

"பீரோவை நானே கவுத்துப் பாத்தேனேப்பா" என்றாள் உன் மகள். கோபமாகச் சொல்லவில்லை, குழந்தையிடம் பேசுவது போல நிதானமாகச் சொன்னாள். "அப்ப நீங்களே வேற எங்கயோ வெச்சிருந்து, திரும்ப அங்க கொண்டுபோய் வெச்சிருக்கீங்க. அதுவும் உங்களுக்கு ஞாபகம் இல்ல. இதத்தாம்பா நான் பயப்படறேன்."

நான் போனை வாங்கக் கை நீட்டினேன். அவர் வேண்டாம் என்று தலையாட்டினார். பிடுங்காத குறையாக வாங்கினேன். உன் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பாவுக்கு மறதி ஒன்றும் இல்லை, பொய் சொன்னவள் நான், இப்போது என்னைக் காப்பாற்ற அவரும் ஒரு பொய் சொல்கிறார் என்றேன்.

"ஏன் ஆன்ட்டி?" என்றாள்.

தாயை இழந்த வீட்டில் அவள் யதார்த்தமாகச் சொன்ன ஒரு வார்த்தைக்கு நான் கணக்குத் தீர்த்தேன் என்று எப்படிச் சொல்வது. "தெரியலம்மா" என்றேன். அவள் வைத்துவிட்டாள். இதுவரை கூப்பிடவில்லை. கூப்பிடாவிட்டாலும் கேட்க எனக்கு வாய் இல்லை.

அண்ணா ஒரு பெட்டியைப் பிரித்து, செய்தித்தாளைச் சுருட்டி எறிந்துவிட்டு இரண்டு டம்ளர்களை வெளியே எடுத்தார். உள்ளே போய்க் காபி கலந்து வந்தார். அடுப்பை அணைத்தேனா என்று திரும்பப் போய்ப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். என் மேல் கோபம் எங்காவது தெரிகிறதா என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோபித்திருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன்.

"அப்ப எனக்கு ஒண்ணும் இல்ல. இல்லியாம்மா?" என்றார்.

"உங்களுக்கு ஒண்ணும் இல்லீங்கண்ணா."

சரி என்று தலையாட்டினார். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார், விஜயநகர் போய்க் கொடுத்துவிட்டு வருவதாகச் சொன்னார். காபியை ஆற்றி என் பக்கம் தள்ளினார். கொஞ்ச நேரம் கழித்து, அப்போதுதான் முதன்முதலாகத் தோன்றியதுபோல, தனக்கு ஒன்றும் இல்லையே என்று மறுபடி அதையே கேட்டார்.

சாவியைக் கொடுத்துவிட்டேன், பை இலேசாகத்தான் இருக்கிறது. அவர் இரண்டாவது தடவை கேட்டாரே, அதை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்றுதான் தெரியவில்லை.