இருபதா, பன்னிரண்டா

மார்ச் 3

அன்புள்ள கண்ணாடிக்காரருக்கு,

நலம்தானே? போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் சண்டை வந்துவிடுகிறது. எழுதினால் நீங்கள் நடுவில் புகுந்து முடித்துவைக்க முடியாது, அதனால் எழுதுகிறேன்.

ஒரு செய்தி. சிரிக்கக் கூடாது. துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு துப்பாக்கி கிளப் இருக்கிறது. கூட கிரேன் ஓட்டுகிறவள் ஞாயிற்றுக்கிழமை என்னை அங்கே இழுத்துக்கொண்டு போனாள். இரண்டு பக்கக் கூண்டுகளிலிருந்தும் களிமண் தட்டு பறந்து வர, அரை வட்டத்தில் இடம் மாறி மாறி நின்று சுடுகிறார்கள். நீங்கள் வாரம் தவறாமல் போகும் அதே ஸ்கீட்தான். தோளைத் தேய்த்துக்கொண்டு வீடு திரும்புவீர்களே, அப்போதெல்லாம் இதில் அப்படி என்னதான் இருக்கிறது என்று நினைப்பேன். முதல் தட்டு காற்றில் பொடிப்பொடியானதும் புரிந்துவிட்டது.

சொந்தமாக ஒன்று வாங்கலாமென்று இருக்கிறேன். பன்னிரண்டு கேஜ், இருபது, இருபத்தெட்டு, நானூற்றுப் பத்து என்று கடைக்காரர் அடுக்குகிறார். எண் ஏற ஏறக் குழாய் சிறுத்துப்போகிறதே, இதென்ன தலைகீழ்க் கணக்கு? நான் எதை எடுப்பது?

இன்னொன்று. இந்த ஊரிலேயே நிரந்தரமாக இருக்கிறாயா என்று கம்பெனியில் கேட்கிறார்கள். மே மாதம் முடிவதற்குள் சொல்ல வேண்டும். நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

இப்படிக்கு,
கிரேன்காரி

மார்ச் 11

அன்புள்ள கிரேன்காரிக்கு,

நீயா, துப்பாக்கியா! படித்த திகைப்பில் கடைக்கு வந்த ஒருவருக்கு வேறு யாருடைய கண்ணாடியையோ மாட்டி அனுப்பிவிட்டேன். பாவம், வாசற்படியில் தடுக்கித் திரும்பி வந்தார்.

கணக்கு இதுதான். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக உருட்டினால், அந்த உருண்டை நுழையும் குழாய் பன்னிரண்டு கேஜ். இருபதாக உருட்டினால் உருண்டையும் சிறிது, குழாயும் சிறிது. நானூற்றுப் பத்து மட்டும் இந்த வம்சமில்லை. அது குழாயின் அகலத்தை நேராகவே சொல்கிறது, ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் நானூற்றுப் பத்து பங்கு.

உனக்கு நானூற்றுப் பத்துதான், யோசிக்கவே வேண்டாம். இருப்பதிலேயே சின்னது, லேசு, தோளை உதைக்காது. நான் சுடும் பன்னிரண்டெல்லாம் உன் உடம்பு தாங்காது.

வேலை விஷயத்திலும் யோசிக்க ஒன்றுமில்லை. அந்த உப்புக் காற்று உனக்கு ஒத்துக்கொள்ளாது. முடியாது என்று சொல்லிவிட்டு வீடு வந்து சேர். உன் அலமாரியைத் தூசு தட்டி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
கண்ணாடிக்காரன்

ஏப்ரல் 2

அன்புள்ள கண்ணாடிக்காரருக்கு,

நல்லவேளை, வாங்குவதற்கு முன் கிளப்பில் ஒரு நானூற்றுப் பத்தை இரவல் வாங்கிச் சுட்டுப் பார்த்தேன். தட்டுகள் எனக்கு டாட்டா காட்டிவிட்டுப் போயின. ஒவ்வொரு ஞாயிறும் இதே கதை. எனக்குக் கண்தான் போய்விட்டதோ என்று பயந்தேன். கடைசியில் கோச் அம்மா பக்கத்தில் வந்தார்.

"இதை யாரும்மா உங்களுக்குச் சொன்னது? கை தேறினவங்களே இதுல திணறுவாங்க. பன்னிரண்டு தோட்டாவுல சிதறிப் போற பொடிக் குண்டுல பாதிகூட இதுல கிடையாது. ஒரு விரக்கடை தள்ளினா தட்டு தப்பிச்சிடும்."

"எங்க வீட்டுக்காரர்தான் சொன்னார்."

"அவரு இதுல சுட்டிருக்காரா?"

எனக்குத் தெரியவில்லை. சுட்டிருக்கிறீர்களா?

கோபம் துப்பாக்கி மேல் இல்லை. இந்த ஊர் வேலைக்கு வருகிறேனா என்று கேட்டு அன்றைக்குக் கம்பெனியிலிருந்து வீட்டுக்குப் போன் வந்தபோது நான் குளித்துக்கொண்டிருந்தேன். "அவளுக்கு அந்த ஊர் சரிப்படாதுங்க" என்று நீங்களே பதில் சொல்லி வைத்தீர்கள். அக்கறையில்தான் சொன்னீர்கள், தெரியும். அதனால்தான் மறுநாளே பெட்டியைக் கட்டினேன். கடையில் முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா" என்று நாள் முழுக்கக் கேட்கிறீர்கள். என்னிடம் ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம்.

கம்பெனிக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

கிரேன்காரி

ஏப்ரல் 14

அன்புள்ள கிரேன்காரிக்கு,

சுட்டதில்லை. கையில் எடுத்ததுகூட இல்லை.

நீ கேட்டதிலிருந்து அது மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. நேற்று ஒன்றை இரவல் வாங்கிச் சுட்டேன். இருபத்தைந்து தட்டில் ஆறு. பக்கத்தில் நின்ற பல் டாக்டர், "என்ன சார், கண்ணாடிய மாத்தணுமா?" என்று கேட்டுவிட்டார். மானமே போயிற்று. லேசாக இருப்பதால் கையில் நிலைகொள்ளவில்லை, தட்டைத் துரத்திப் போய்ப் பாதியில் நின்றுவிடுகிறது. சின்னது என்றால் சுலபம் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

எல்லாவற்றையும் நீயே சுட்டுப் பார். எது பிடித்தது, ஏன் பிடித்தது என்று எழுது. உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

ஒன்று மட்டும் சொல்லியாக வேண்டும், இது ஆபத்து என்பதால். இருபது தோட்டாவையும் பன்னிரண்டு தோட்டாவையும் ஒரே பையில் போடாதே. இருபது தவறிப்போய்ப் பன்னிரண்டின் குழாய்க்குள் விழுந்தால் உள்ளே சிக்கி நின்றுவிடும். தெரியாமல் பின்னால் இன்னொன்றைப் போட்டுச் சுட்டால் குழாயே வெடிக்கும்.

வேலையைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொல்லாமல் இருக்கிறேன்.

கண்ணாடிக்காரன்

மே 20

அன்புள்ள கண்ணாடிக்காரருக்கு,

இருபது வாங்கிவிட்டேன். உங்கள் பன்னிரண்டில் தட்டு ஜோராக உடைகிறது, ஆனால் ஒரு சுற்று முடிவதற்குள் தோள் முரண்டு பிடிக்கிறது. இருபத்தெட்டு பட்டு மாதிரி, தோட்டாவுக்குத்தான் இந்த ஊரில் அலைய வேண்டும். இருபதைத் தோளில் வைத்ததும் அது என்னோடு சேர்ந்து திரும்பியது. சுட்ட பிறகும் நிறுத்தாமல் திருப்பிக்கொண்டே போக வேண்டும் இல்லையா? சுமை தொங்கும்போது கிரேன் கையை அப்படித்தான் சுழற்றுவேன், அதனால் பிடித்தது. நேற்று பதினெட்டு உடைத்தேன்!

கம்பெனிக்கும் சொல்லிவிட்டேன். இங்கேயே இருக்கிறேன், கையெழுத்துப் போட்டாயிற்று. உங்களைப் பிடிக்காமல் இல்லை, ரொம்பப் பிடிக்கும். ஆனால் அந்த வீட்டுக்கு இனி திரும்ப மாட்டேன். அடுத்து நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்று நான் சொன்னால் நானும் உங்களைப் போலத்தான் ஆவேன். அதனால் இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன்.

உங்கள்,
கிரேன்காரி

மே 29

அன்புள்ள கிரேன்காரிக்கு,

கடிதம் கிடைத்தது. கடையைச் சாத்திவிட்டு உட்கார்ந்து அழுதேன். அப்புறம் பசித்தது, சாப்பிட்டேன். அப்புறம் ஒவ்வொன்றாகத் தோன்ற ஆரம்பித்தது.

காலையில் எத்தனை மணிக்கு கிரேனில் ஏறுகிறாய்? அவ்வளவு உயரத்திலிருந்து என்னவெல்லாம் தெரியும்? ஏறும்போது பயமாக இருக்காதா? இத்தனை வருடத்தில் இதைக்கூட நான் கேட்டதில்லை, பார். அந்த ஊரில் கண்ணாடிக் கடை எத்தனை இருக்கிறது? இன்னொன்றைத் தாங்குமா?

கடைசியாக ஒன்று. நான் அங்கே வந்து உன்னோடு இருப்பதில் உனக்கு இஷ்டமா? வேண்டாம் என்றாலும் தயங்காமல் எழுது. உன் பதில் வரும்வரை பெட்டி கட்ட மாட்டேன்.

உன்,
கண்ணாடிக்காரன்