தில்லைமுனைக் கட்டடத்தின் மூன்றாவது யன்னல்

அனுப்புநர்:
திருமதி தங்கராசா கண்ணகை (வயது 49),
கரை வீதி, தில்லைமுனை,
மட்டக்களப்பு.

பெறுநர்:
அரசாங்க அதிபர் அவர்கள்,
மாவட்டச் செயலகம்,
மட்டக்களப்பு.

விடயம்: தில்லைமுனை வாவிக்கரைப் பழைய கட்டடத்தின் சுவரெழுத்துகளுக்குச் சுண்ணாம்பு பூசுவதை நிறுத்துதலும், அங்கே கல் வைத்து அடைக்கப்பட்டுள்ள அறையை நீதவான் முன்னிலையில் திறத்தலும்.

மதிப்பிற்குரிய ஐயா,

மனு எழுதித் தருபவர் எல்லாவற்றையும் ஒரு பக்கத்துக்குள் முடிக்கச் சொன்னார். அது ஒரு பக்கத்தில் அடங்காது என்பதால் நானே எழுதுகிறேன். எழுத்துப் பிழைகளைப் பொறுத்துக்கொண்டு கடைசிவரை வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

1. என் கணவர் தங்கராசா வாவியில் வலை வீசி வாழ்ந்தவர். 2004 மார்கழி 26 அன்று கடல் வந்தபோது அவரும் எங்கள் மகளும் போய்விட்டார்கள். அன்று என் தலைமயிரைப் பிடித்துத் தென்னையோடு சேர்த்து அணைத்து என்னைக் காப்பாற்றியவன் மகன் விஜிதரன். அப்போது அவனுக்குப் பதினாறு வயது. அந்த மகனை 2008 புரட்டாதி மாதம், இலக்கத்தகடு இல்லாத வானில் வந்த ஆயுததாரிகள் வீட்டு வாசலில் வைத்து ஏற்றிச் சென்றார்கள். அவர்கள் எவர் என்று நான் எந்த மனுவிலும் எழுதியதில்லை. இதிலும் எழுதவில்லை.

2. 2009 மாசி மாதம் முன்பின் அறியாத ஒருவர் வந்து, மகன் வன்னியில் இறந்துவிட்டான், தேட வேண்டாம் என்று சொல்லிப் போனார். தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. நான் அதை நம்பினேன். முப்பத்தோராம் நாள் கிரியைகளைப் பங்குனியில் செய்து முடித்தேன். இந்த வருடம் தையில் மரணச் சான்றிதழும் பெற்றுக்கொண்டேன். இதை மறைக்காமல் எழுதுவதற்குக் காரணம் உண்டு. அது கீழே வரும்.

3. கடந்த ஒரு வருடமாக, வெளிநாட்டிலிருந்து வரும் சுற்றுலாக் குழுக்களுக்கு மதிய உணவு சமைத்துக் கொடுத்து வாழ்ந்து வருகிறேன். வெள்ளிக்கிழமை வந்து ஞாயிறு திரும்பும் பயணம் அது. அவர்களின் விளம்பரத் தாளில் போர்க்கால வரலாறு, வாவிக்கரைச் சாப்பாடு, ஊர் சுற்றிப் பார்த்தல் என்று மூன்று படங்கள் போட்டிருக்கும். நடுப் படத்தில் இருப்பது என் நண்டுக் கறிச் சட்டி. முதல் படத்தில் இருப்பது தில்லைமுனைக் கட்டடம்.

4. அந்தக் கட்டடம் வெள்ளைக்காரர் காலத்தது. இரண்டாம் உலகப் போரில் அவர்களுடைய படைக்குச் சாமான் அறையாக இருந்ததாம். பிறகு பல காலம் சும்மா கிடந்தது. கடைசி யுத்த வருடங்களில் அந்தப் பக்கம் யாரும் போவதில்லை. போகக் கூடாது என்று எவரும் சொன்னதுமில்லை. மாடு மேய்ப்பவர்கள்கூட அந்த இடம் வந்ததும் மாட்டைத் திருப்பிக்கொண்டு போவார்கள். போன வருடம் கனகசிங்கம் என்பவர் அதைக் குத்தகைக்கு எடுத்தார். இப்போது பார்வையிடும் இடமாக நடத்துகிறார். அதை விடுதியாக்கவும் ஆயத்தம் நடக்கிறது.

5. 16.07.2011 சனிக்கிழமை சிங்கப்பூரிலிருந்து பதினொரு பேர் வந்தார்கள். சோறு, இறால் பொரியல், நண்டுக் கறி, பிறகு எருமைத் தயிரும் இனிப்புப் பாணியும் கொடுத்தேன். நன்றாகச் சாப்பிட்டார்கள். பிற்பகல் மூன்று மணிக்குக் கட்டடத்தைப் பார்க்கப் போனபோது, இளநீர் வெட்டிக் கொடுக்க என்னையும் வானில் ஏற்றிக்கொண்டார்கள். வழக்கமாக வருகிற பெண்ணுக்கு அன்று காய்ச்சல். அந்தக் கட்டடத்துக்குள் நான் கால் வைத்தது அதுவே முதல் தடவை.

6. அங்கே ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள் ஐயா. விருந்தினர் எல்லோரையும் உள்ளறைக்குள் விட்டு, இரும்புக் கதவைச் சாத்தி, ஒரு நிமிடம் இருட்டில் நிற்க வைப்பார்கள். போரில் சிறைப்பட்டவர்கள் எப்படி இருந்திருப்பார்கள் என்பதை உணர்வதற்காம். நான் இளநீர்த் தட்டோடு உள்ளே நிற்கும்போதே கதவு சாத்தப்பட்டது.

முதலில் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது. வெளியே சுட்டெரிக்கும் வெயில், உள்ளே கிணற்றடிபோல் குளிர். தட்டு விழுந்துவிடுமோ என்று ஒரு கையால் சுவரைப் பிடித்தேன். சுவரில் கீறல்கள் இருந்தன. விரல் தானாக ஒரு கீறலைத் தொடர்ந்து போனது. அது எழுத்து என்று பட்டது. ‘ஜி’ என்ற எழுத்து. என் மகன் ‘ஜி’ எழுதினால் மேல் கொம்பை அளவுக்கு மிஞ்சி வளைத்துப் பின்னால் இழுத்துவிடுவான். பாடசாலையில் அதற்காக அடிகூட வாங்கியிருக்கிறான். என் விரல் அந்த வளைவில் பின்னால் போய்க்கொண்டே இருந்தது.

7. அந்த நேரத்தில் குழுவில் இருந்த பருத்த மனிதர் ஒருவர் விளையாட்டாகச் சுவரில் மூன்று தரம் தட்டினார். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மூன்று தரம் தட்டும் சத்தம் கேட்டது.

எல்லோரும் கைதட்டினார்கள். காட்சியின் ஒரு பகுதி என்று நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் கதவு திறந்ததும் வழிகாட்டி நேராக வானுக்குப் போய், சாரதி ஸியாமிடம், “நீயா தட்டின?” என்று கேட்டிருக்கிறார். ஸியாம் காத்தான்குடிப் பிள்ளை, பொய் பேசுகிறவன் அல்ல. தான் வானை விட்டு இறங்கவேயில்லை என்று சொன்னான். வேறு ஆள் அன்று அங்கே இல்லை.

8. வெளிச்சம் வந்ததும் வழிகாட்டி திரும்பி வந்து, அந்தக் கீறல்கள் 1942ஆம் ஆண்டில் அடைக்கப்பட்டிருந்த அந்நியப் படைவீரர்கள் எழுதியவை என்று விளக்கினார். விருந்தினர்கள் படம் பிடித்தார்கள். அவர்களில் பிரஷாந்தி என்ற இளம்பெண் மட்டும் சுவருக்குக் கிட்டக் குனிந்து, “ஆன்ட்டி, இது தமிழ்தானே?” என்று என்னைக் கேட்டாள். அவள் கைபேசி வெளிச்சத்தைப் பிடித்து, சிறுபிள்ளை பாடம் படிப்பதுபோல் ஒவ்வொரு எழுத்தாக வாசித்தாள். த. விஜிதரன். தில்லைமுனை. 14.06.2009.

“உங்களுக்கு இவங்களைத் தெரியுமா?” என்று கேட்டாள்.

“ஓம் புள்ள. எண்ட மகன்” என்றேன்.

அதற்குப் பிறகு அந்தப் பெண் வேறெதையும் பார்க்கப் போகவில்லை. என் பக்கத்திலேயே தரையில் இருந்துவிட்டாள்.

9. திகதியைத் தயவுசெய்து மறுபடி பார்க்கவும். யுத்தம் முடிந்துவிட்டது என்று சந்தியில் வெடி கொளுத்தி, பால்சோறு கொடுத்தது வைகாசியில். அவன் பெயர் வெட்டியது ஆனியில். நான் அவனுக்குக் கிரியை செய்து, ஐயருக்குத் தட்சணை கொடுத்து, பிண்டத்தை வாவியில் கரைத்த அந்த நாளில், அவன் அதே வாவியின் கரையில் ஒன்றரை மைல் தூரத்தில் உயிரோடு இருந்திருக்கிறான். காற்று எங்கள் பக்கமிருந்து வீசினால் கோயில் மணி அங்கே கேட்கும்.

10. அது பழைய எழுத்து என்று சொல்பவர்களுக்கு என் பதில் இது. அந்த அறைச் சுவரில் என் தோள் உயரத்தில் ஒரு பழுப்புக் கோடு ஓடுகிறது. 2004இல் கடல் தண்ணீர் வந்து நின்ற கோடு அது. இந்தக் கரையில் இடியாமல் தப்பிய எந்தச் சுவரிலும் அதைக் காணலாம். என் மகனின் பெயர் அந்தக் கோட்டை வெட்டிக்கொண்டு போகிறது. சேற்றுக் கறை கீறலின் இரு பக்கமும் இருக்கிறது, கீறலுக்குள் இல்லை. ஆகவே தண்ணீர் வந்துபோன பிறகே அது எழுதப்பட்டது. இதை அறியப் படிப்பு வேண்டியதில்லை.

11. வெளியே வந்து கட்டடத்தைச் சுற்றி நடந்தேன். வாவிப் பக்கச் சுவரில் மூன்று யன்னல்கள். உள்ளே இருப்பதோ இரண்டு அறைகள். மூன்றாவது யன்னல் சீமெந்துக் கல் வைத்து அடைக்கப்பட்டிருக்கிறது. மற்றச் சுவரெல்லாம் வெள்ளைக்காரர் காலத்துச் செங்கல். உள்ளறையில் அந்தப் பருத்த மனிதர் தட்டிய சுவரும் அதே சீமெந்துக் கல்தான். அந்தச் சுவருக்கும் மூன்றாவது யன்னலுக்கும் இடையில் ஓர் அறை இருக்கிறது ஐயா. அதற்குக் கதவு இல்லை.

12. ஞாயிற்றுக்கிழமை குழுவினரை வெளிச்சவீடு, கோட்டை, அமிர்தகழிக் கோயில் என்று கூட்டிப்போய்க் காட்டிவிட்டு அனுப்பிவிட்டார்கள். பிரஷாந்தி தன் கமெராவில் சுவரின் படங்கள் பதிந்திருந்த சிறு அட்டையை ஒரு கடித உறையில் போட்டு ஸியாமிடம் கொடுத்துப் போயிருக்கிறாள். அதிலிருந்து எடுத்த ஏழு படங்கள் இத்துடன் உள்ளன.

13. திங்கட்கிழமை காலை நான் மறுபடி போனேன். இரண்டு வேலையாட்கள் அந்த அறைக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். மகனின் பெயர் மறைந்துவிட்டது. ஈரச் சுண்ணாம்பின் மேல் விரல் வைத்துப் பார்த்தேன், கீறல் கீழே இருந்தது. கிணற்றில் தண்ணீர் அள்ளி வந்து என் சேலைத் தலைப்பால் அந்தச் சுவரைக் கழுவினேன். வேலையாட்கள் தடுக்கவில்லை. அவர்களில் ஒருவர் வாளியை வாங்கித் தானே தண்ணீர் அள்ளித் தந்தார். அவர் பெயரை நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் இங்கே எழுதமாட்டேன்.

சுவருக்குச் சேதம் விளைவித்ததாகக் கனகசிங்கம் அவர்கள் என் மேல் முறைப்பாடு கொடுத்திருப்பதாக அறிகிறேன். கழுவியது நான்தான். அதை மறுக்கவில்லை. அவரை நான் கெட்ட மனிதர் என்றும் சொல்லவில்லை. அன்று அவர் என்னிடம் தணிந்த குரலில்தான் பேசினார். “அக்கா, பழசுகளைக் கிண்டாதீங்க. இதை நம்பி ஊருல இருபது குடும்பம் கிடக்கு” என்றார். அந்த அடைத்த அறையை யார் அடைத்தது என்று கேட்டேன். தான் குத்தகைக்கு எடுக்கும்போதே அப்படித்தான் கிடந்தது என்றார். அதைத் திறந்து பார்க்க மனம் வரவில்லையா என்று கேட்டேன். அவர் வாவியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, “நான் பின்னேரம் அஞ்சு மணிக்குப் பிறகு இஞ்ச நிக்கிறல்ல அக்கா” என்றார்.

14. சுவரில் ஆறு பெயர்கள் உள்ளன. மூன்றை வாசிக்க முடியவில்லை. மற்ற இருவரும் ஊர்ப் பெயரையும் சேர்த்து எழுதியிருக்கிறார்கள். வினாயகமூர்த்தி, கிரான். மஜீட், ஏறாவூர். செவ்வாய்க்கிழமை ஸியாம் என்னைத் தன் மோட்டார் சைக்கிளில் இரண்டு ஊருக்கும் கூட்டிப்போனான். வினாயகமூர்த்தியின் தாய் அன்னப்பூரணி வயலில் நின்றார். படத்தைக் கையில் வாங்கினார், பார்த்தார், உழவு இயந்திரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு அப்படியே எங்களோடு புறப்பட்டார். மஜீட் நெல் ஏற்றும் லொறி ஓட்டியவர். அவருடைய தாய் ஆயிஷா உம்மாவுக்குப் பார்வை குறைவு. எழுத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று மட்டும் கேட்டார்.

15. புதன்கிழமை தாய்மார் மூவரும் கட்டடத்துக்குப் போனோம். அங்கே புதிதாகப் போட்டிருந்த காவலாளி தடுக்காமல் விட்டார். ஆயிஷா உம்மா மகனின் பெயரைத் தொட்டுப் பார்த்தார், நெடுநேரம் கையை எடுக்கவில்லை. அந்தச் சீமெந்துச் சுவரைத் தட்டிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. உண்மையைச் சொல்கிறேன், சனிக்கிழமை முதல் அந்தச் சத்தத்தை நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அது எலியாக இருக்கலாம். வெறும் எதிரொலியாக இருக்கலாம். இரண்டு வருடம் அடைபட்ட அறையில் உயிரோடு எவரும் இருக்க முடியாது என்பது எனக்கும் தெரியும்.

அன்னப்பூரணி தட்டினார். தட்டிவிட்டுச் சுவரில் காதை வைத்துக்கொண்டு நின்றார். என்ன கேட்டது என்று நாங்கள் கேட்டோம். அவர் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. ஆனால் அதன் பிறகு அவர் கிரானுக்குத் திரும்பிப் போக மறுக்கிறார். அந்த மூன்றாவது யன்னலின் கீழ் பாய் போட்டு இருக்கிறார். அங்கே அவருக்கு நான் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

16. வரும் சனிக்கிழமை, 23ஆம் திகதி, இன்னொரு குழு வருகிறது. சமைப்பதற்கு என்னைக் கேட்டார்கள். நான் மறுத்துவிட்டேன். அதற்குள் அறை முழுவதற்கும் இரண்டு பூச்சுச் சுண்ணாம்பு அடித்து முடிக்க வேண்டும் என்று உத்தரவாம். பிறகு வருகிறவர்களை அந்தக் கதவுக்குள் விட்டு இருட்டாக்குவார்கள். அவர்களும் சுவரில் தட்டுவார்கள்.

ஆகவே தங்களிடம் பணிவாகக் கேட்பது:

சுண்ணாம்பு வேலையை இன்றே நிறுத்த உத்தரவிடுங்கள். எவரையும் அந்த அறைக்குள் விட்டுக் கதவு சாத்துவதைத் தடை செய்யுங்கள். அடைத்த அறையை நீதவானும் வைத்தியரும் முன்னிற்கத் திறக்க ஏற்பாடு செய்யுங்கள். வாசிக்க முடியாத மூன்று பெயர்களையும் தெரிந்தவர்களைக் கொண்டு வாசிக்கச் செய்யுங்கள். அந்த மூவரின் தாய்மாரும் எங்கோ திவசம் கொடுத்துக்கொண்டிருக்கலாம். என் மகனின் மரணச் சான்றிதழை இத்துடன் திருப்பி இணைத்துள்ளேன். அதில் உள்ள திகதி பிழையானது.

உள்ளே ஒன்றும் இல்லை என்றால் அதையும் எங்களுக்கு எழுத்தில் தாருங்கள். நாங்கள் ஏற்றுக்கொள்வோம். அதிகாரிகள் வரும் நாளில் அழுது கூக்குரலிட்டு வேலையைக் குழப்பமாட்டோம் என்று மூவரும் உறுதி தருகிறோம். முதல் கல்லை எடுக்கும்போது மட்டும் எங்களைக் கிட்ட நிற்க விடுங்கள். அவர்களுடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும்.

இப்படிக்கு,
த. கண்ணகை (கையொப்பம்)
வி. அன்னப்பூரணி (கையொப்பம்)
ஆயிஷா உம்மா (இடது பெருவிரல் அடையாளம்)

இடம்: தில்லைமுனை
திகதி: 21.07.2011

இணைப்பு: புகைப்படங்கள் 7, மரணச் சான்றிதழ் (மூலப்பிரதி) 1.